சாமக் காவல்

விரல் நுனியைக் கவ்விக்கொண்டு இரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு கலந்திருக்கிறதென்று சொல்லும் ஆக்ஸிமீட்டர் என்ற சிறு உபகரணத்தை உலகமெங்கும் ஜனங்கள் மருந்துக் கடைகளில் தேடித் திரியத் தொடங்கிய 2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலேயே, அதன் தத்துவத்தைக் கண்டறிந்தவரான தகுவோ அவோயகி என்னும் ஜப்பானியப் பொறியாளர் தமது 84ஆம் வயதில் காலமானார் என்ற செய்தியை நான் ஓராண்டு பிந்தித்தான் படித்தேன். படித்தது முதல் அவருடைய நினைவு என்னை விட்டு நீங்கவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் தேடியது வேறொன்று. இருதயம் எவ்வளவு இரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்பதை, இரத்தத்தில் ஒரு சாயத்தைச் செலுத்திக் காது மடலின் வழியே ஒளியைப் பாய்ச்சி அளந்தறிய அவர் முயன்றுகொண்டிருந்தார். நாடியின் ஒவ்வொரு துடிப்பும் அந்த ஒளியை அசைத்து, வரைந்த கோட்டைக் கலைத்தது. அந்த இடையூறை அகற்றுவதற்காக இருவகை ஒளிகளை ஒப்பிட்டு ஒன்றைக்கொண்டு மற்றதன் அசைவை அழிக்க அவர் முனைந்தபோது, பிராணவாயுவின் அளவு மாறும்போதெல்லாம் அந்தக் கணக்குத் தவறிப்போவதைக் கண்டார். தொல்லையென்று தாம் ஒதுக்க நினைத்த துடிப்புக்குள்ளேயே இன்னும் பெரிய விஷயமொன்று பொதிந்திருந்ததை உணர்ந்து, 1974இல் அதை உலகுக்கு அறிவித்தார்.

எங்கள் வீட்டில் அந்த உபகரணம் வந்து சேர்ந்தது 2021ஆம் ஆண்டின் கொரோனாக் கோடையில். நான் ஆறு மாதக் கர்ப்பிணி. என் கணவர் ஆனைமலையில் கொப்பரைக் களம் வைத்திருப்பவர். தேங்காய் உடைக்க வரும் ஆட்களோடும், லாரிக்காரர்களோடும், பொள்ளாச்சியிலிருந்து வரும் வியாபாரிகளோடும் பேசாமல் அவருடைய பிழைப்பு நடவாது. மாலையில் வீடு திரும்பினால் பின்கட்டிலேயே வெந்நீரில் குளித்து, உடுத்த துணியை அங்கேயே நனைத்துப் போட்டு, அதன்பின் எனக்கு எட்டுகிற தூரத்தில் உட்காராமல் ஆசாரத்தின் மறுகோடியில் உட்கார்ந்து, அங்கிருந்தபடியே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். விடியற்காலையில் நான் கண் விழிக்கும்போது அடுப்படியில் காப்பித்தூள் டப்பாவைத் திறந்து முகர்ந்துகொண்டு நிற்பார். மணம் தெரிகிறதா என்று ஒருமுறை பார்ப்பது எல்லோரும் செய்ததுதான். அவரோ மூடிய டப்பாவை மீண்டும் திறப்பார், அதன்பின் பெருங்காயத்தை எடுப்பார். மசக்கைக் காலத்திலிருந்தே என் நாசி கூர்மையாகிவிட்டிருந்ததால், களத்தில் காயும் கொப்பரையின் எண்ணெய் மணம் காற்றுத் திரும்பும்போது என்னை வந்து சேருவதை நான் சொல்லச் சொல்ல, அவர் முகம் தெளிவதையும், ஒரு நாழிகை கழியுமுன் அந்தத் தெளிவு மறைவதையும் எத்தனையோ முறை பார்த்தேன்.

இந்த அச்சத்துக்கு ஒரு மூலம் இருக்க வேண்டுமென்று எண்ணி, அவருடைய பால்யத்தில் ஏதேனும் துர்மரணம் நிகழ்ந்ததுண்டா, சின்ன வயதில் கொடிய நோய் ஏதும் கண்டதுண்டா என்றெல்லாம் என் அத்தையிடம், அதாவது அவருடைய தாயாரிடம், விசாரித்தேன். அப்படியொன்றும் இல்லை. "சின்னதுலயே ரெண்டு தடவ கதவு சாத்துனதப் பார்த்துட்டு வந்துதான் படுக்கும், சாமி" என்றார் அவர். அவ்வளவுதான். சிலருடைய சுபாவமே அப்படி. காரணம் தேடிக் காண்பதால் அது மாறிவிடுவதுமில்லை.

ஆனால் அந்த வருஷத்தின் விசேஷம், சுபாவத்துக்கும் விவேகத்துக்கும் நடுவே இருந்த வேலி விழுந்துவிட்டதுதான். நோய் வந்துவிடுமோ என்று ஓயாமல் அஞ்சுகிற ஒருவருக்கு, உடம்பை அடிக்கடி சோதிக்காதே, பிறரிடம் கேட்டுக் கேட்டு ஆறுதல் தேடாதே, அந்த ஆறுதல் பயத்தையே வளர்க்கும் என்றுதான் வைத்தியர்கள் சாதாரணமாகச் சொல்வார்கள். 2021 மே மாதத்திலோ சுரத்தைப் பார், மூச்சைப் பார், மணம் தெரிகிறதா பார், விரலை மாட்டி எண்ணைப் பார், 94க்குக் கீழே இறங்கினால் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் போ என்று அரசாங்கமே எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தது. அம்மாதக் கடைசியில் அன்றாடத் தொற்றின் எண்ணிக்கையில் எங்கள் கோவை மாவட்டம் சென்னையையே மிஞ்சிற்று. முதலமைச்சர் உடல் முழுவதையும் மூடிய கவச உடையணிந்து கோவை இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்த காட்சியை மே 30ஆம் தேதி தொலைக்காட்சியில் கண்டபோது, என் கணவர் எழுந்து நின்றுவிட்டார். அந்த மனிதரைப் பார்த்து, நீங்கள் வீணாகப் பயப்படுகிறீர்கள் என்று நான் எப்படிச் சொல்வேன்? பயம் வீணல்லவே. உண்மையான பகையும் அவருடைய சுபாவமும் ஒரே குரலில் பேசின. எது எதுவென்று பிரித்துக் கேட்க என்னால் ஆகவில்லை.

மூச்சின் விஷயமோ இன்னும் சிக்கலானது. கருவுற்ற முதல் மாதங்களிலிருந்தே புரோஜெஸ்டிரோன் என்னும் சுரப்பு மூளையிலுள்ள சுவாசக் கேந்திரத்தைத் தூண்டிவிட, தாயானவள் ஒவ்வொரு மூச்சிலும் முன்னைவிட அதிகக் காற்றை உள்ளிழுக்கிறாள். பின்மாதங்களில் கருப்பை மேலெழும்பி உதரவிதானத்தை நெருக்குகிறது. ஆகவே நோயே இல்லாத கர்ப்பிணிக்கும் மேல்மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும். இதை எங்கள் கிராம சுகாதார செவிலியர் தொலைபேசியில் பொறுமையாக விளக்கினார். அவர் சொன்னதை என் கணவர் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டார். அன்றிரவே நான் புரண்டு படுத்தபோது எழுந்த மூச்சொலியைக் கேட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஏனுங்க, தூங்கலீங்களா?"

"நீ மூச்சு வாங்குற சத்தம் ஒரு மாதிரி கேட்டுச்சு கண்ணு. வெரலக் கொஞ்சம் குடு."

ஆக்ஸிமீட்டரைப் பிறகு அத்தை தம் வசம் எடுத்துக்கொண்டார். வெற்றிலையும் பாக்கும் இருக்கும் சுருக்குப் பையில் அதையும் போட்டு இடுப்பில் செருகிக்கொள்வார். காலையில் ஒருமுறை, விளக்கு வைத்தபின் ஒருமுறை எடுத்துக் கொடுப்பார். இடையில் மகன் வந்து நின்றால் முகம் கோணாமல், "நேரமாகட்டும் சாமி" என்று மட்டும் சொல்லுவார். வைத்திய நூல் எதையும் படித்தறியாத அந்த மூதாட்டி கண்ட இந்த ஏற்பாடு பகற்பொழுதுகளைக் காப்பாற்றித் தந்தது. இரவுகள் மீந்திருந்தன.

அந்த நாட்களில் எனக்கு மாங்காய்மேல் அடங்காத ஆசை. அவரோ வாங்கி வந்த மாங்காயை மஞ்சளும் உப்பும் கரைத்த நீரில் ஊறவைத்து, துடைத்து, வெயிலில் வைத்து, அதன்பின்னரே என் கையில் தருவார். வெயிலில் வரிசையாய்க் கிடந்த அந்த மாங்காய்களைப் பார்த்துக்கொண்டு திண்ணையில் சாய்ந்திருந்த ஒரு பிற்பகலில்தான், கல்லூரியில் படித்த குறுந்தொகைப் பாட்டொன்று நினைவுக்கு வந்தது. பரணர் பாடியது, தொகையில் 292ஆவது. நன்னன் என்ற அரசனுடைய காவல் மாமரத்திலிருந்து வீழ்ந்து, ஆற்றுநீர் கொண்டுவந்த காயை, நீராடச் சென்ற பெண்ணொருத்தி எடுத்துத் தின்றுவிட்டாள். அந்தக் குற்றத்துக்கு ஈடாக 81 யானைகளும், அவள் எடைக்குப் பொன்னாற் செய்த பாவையும் தருவதாகச் சொல்லியும் ஏற்காமல் நன்னன் அவளைக் கொன்றான். எங்கள் ஊரார் அந்த நன்னன் இந்த ஆனைமலையை ஆண்டவனென்றும், அந்தப் பெண்ணே மாசாணியம்மனாகச் சயனித்த கோலத்தில் இங்கே கோயில் கொண்டிருக்கிறாளென்றும் நம்புகிறவர்கள். நோயின் காரணமாக ஏப்ரல் கடைசியிலிருந்து கோயில்களில் பக்தர்களை அனுமதிக்கவில்லை. மிளகாய் அரைத்துப் பூசி அவளிடம் நியாயம் கேட்கும் வழக்கமுள்ள ஊரில், கேட்க வேண்டியவை மிகுந்திருந்த காலத்தில், அவள் தனித்துக் கிடந்தாள்.

யானைகளைக் கொண்டுவந்தவர் யாரென்று பாட்டில் சொல்லப்படவில்லை. பெற்றவராயிருக்கலாம், உற்றவராயிருக்கலாம். கொள்ள மறுக்கும் ஒருவன் முன்னே, இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று களிறுகளை நிறுத்திக்கொண்டே போன அந்த முகமறியாத மனிதரை நான் அன்று பிற்பகல் முழுவதும் எண்ணிக்கொண்டிருந்தேன். மாங்காயை மூன்றாம் முறை கழுவுகிற என் கணவர், விலைபேச வராத ஒன்றன்முன் தம் யானைகளை ஓட்டிவந்து நிறுத்துகிறார் என்றே எனக்குத் தோன்றிற்று.

ஆனால் அந்தப் பாட்டு நன்னனைப் பற்றியதே அன்று. காதலன் ஒருவன் ஒருநாள் முறுவலோடு விருந்தினனாக வீட்டுக்கு வந்து போகிறான். அன்றுமுதல் தலைவியின் தாய்க்குச் சந்தேகம் பிறந்து, பகைவர் முன்னே நிற்கும் ஊரில் இருப்பவள் போலப் பல நாட்கள் உறங்காமல் மகளைக் காக்கிறாள். சலித்துப்போன தோழி, பெண்ணைக் கொன்ற நன்னன் புகுந்த நரகத்துக்கே இந்தத் தாயும் போகட்டும் என்று சபிக்கிறாள். அவள் வாயில் வரும் ஓர் உவமையாகத்தான் மாங்காய்க் கதை முழுவதும் வருகிறது. கல்லூரியில் படித்த காலத்தில் நாங்கள் தோழியின் பக்கம். அவளுடைய கோபத்தின் அழகை மெச்சியவர்கள். வயிற்றில் பிள்ளை உதைக்கத் திண்ணையில் சாய்ந்திருந்த அன்றோ என் மனம் முழுவதும் அந்தத் தாயிடம் போய்விட்டது. அவள் பகையில்லாத இடத்தில் பகையைக் கண்டவள் அல்லள். காதலன் வந்தது மெய், அவன் மீண்டும் வரப்போவதும் மெய். ஊரெல்லாம் உறங்குகையில் அவள் ஒருத்தி மட்டும் விழித்திருந்தாள் என்பதே அவளுடைய துன்பம். அவளிடம் ஒருவரும், "நீ படுத்துக்கொள், இந்தச் சாமம் நான் இருக்கிறேன்" என்று சொன்னதாகப் பாட்டில் இல்லை.

அன்றிரவு நான் அதைச் சொன்னேன். நிறைமாதம் நெருங்கும் பெண்ணுக்கு எப்படியும் தொடர்ந்த உறக்கம் கிடையாது. இடப்பக்கம் சரிந்து படுத்தால் ஒரு வலி, எழுந்தால் ஒரு தாகம். ஆகவே நடுச்சாமம் கழிந்து இரண்டு மணி வரை என் மூச்சை நானே கவனித்துக்கொள்வதாகவும், வேறுபட்டால் அக்கணமே அவரை எழுப்புவதாகவும், அதன்பின் அவர் விழித்திருக்கட்டுமென்றும் சொன்னேன். ஒரு பயமும் வேண்டாம் என்ற வார்த்தையை நான் சொல்லவில்லை. அவர் வெகுநேரம் யோசித்தார். "மறக்காம எழுப்புவியா?" என்று கேட்டார். எழுப்புகிறேன் என்றேன். நம்பிப் படுத்தார், உறங்கினார். இரண்டு மணிக்கு வாக்குத் தவறாமல் எழுப்பினேன், ஏனெனில் இரக்கப்பட்டு ஒருநாள் எழுப்பாமல் விட்டிருந்தால் மறுநாள் அவர் என்னை நம்பி உறங்கியிருக்க மாட்டார்.

ஜூன் மாதத்தில், கருவுற்றவளுக்குத் தாய்வீட்டார் சோறு கொண்டுவந்து செய்யும் கட்டுச்சோற்று விருந்து. என் தாய்வீடு உடுமலை. கூப்பிடு தூரமென்றாலும் அது திருப்பூர் மாவட்டம், இது கோவை மாவட்டம். இரண்டுமே அப்போது ஊரடங்குத் தளர்வு குறைத்து வைக்கப்பட்டிருந்த 11 மாவட்டங்களுள் இருந்தன. விருந்தே வேண்டாமென்று சொல்லிவிடுவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தோம். அவரோ அதற்கு முன் பல நாட்கள் யோசித்து, மூடிய அறைக்குள்தான் காற்று கெடுகிறது, வெட்டவெளியில் அபாயம் குறைவு என்று தாம் படித்திருந்ததையெல்லாம் ஒன்றுகூட்டி, களத்துக் கொப்பரையை ஒருபுறமாக வாரிக் குவித்துவிட்டுத் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டார். இ-பதிவு செய்து என் அம்மாவும் தம்பியும் மட்டும் வந்தார்கள். புளிச்சோறும் எலுமிச்சஞ்சோறும் தயிர்ச்சோறும் அம்மா கொண்டுவந்தவை. வளையலை அம்மா ஒரு தட்டில் வைத்து நகர, அத்தை எடுத்து என் கையில் பூட்டினார். "மாப்பிள்ளை இல்லாட்டி இது நடந்திருக்காதுங்க" என்று அம்மா அத்தையிடம் சொன்னார். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அன்று பந்தலைத் தூக்கிவிடுவதுபோல் வீசிற்று. காற்று வீசுந்தோறும் அவர் முகத்தில் கண்ட திருப்தியின் அர்த்தம் எனக்கு மட்டுமே தெரியும். அவோயகி தம் கோட்டைக் கெடுத்த துடிப்புக்குள் எதைக் கண்டாரோ, அதைப் போன்றதொன்றை நானும் அந்தப் பந்தலடியில் கண்டேன்.

கர்ப்பிணிகளும் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாமென்று ஜூலை 2ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் அறிவித்தது. அறிவிப்பைப் படித்துக் காட்டியவரும் அவரே, ஊசியின் பின்விளைவுகளை எண்ணி அன்றிரவு உறங்காதவரும் அவரே. ஆயினும் என்னை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போனார். ஆகஸ்டில் மகள் பிறந்தாள்.

அவருடைய அச்சம் தீர்ந்துவிடவில்லை; என்னை விட்டு மகளிடம் போயிருக்கிறது. அவளுக்கு உடம்பு சுடுகிற இரவுகளில், முன்சாமம் யாருடையது, பின்சாமம் யாருடையது என்பதை விளக்கை அணைப்பதற்கு முன்பே பேசி முடித்துக்கொள்கிறோம்.