பாறையில் ஒரு பயிற்சி நோட்டு!

தம்பி வைப்ரஃபோன் கற்றுக்கொள்கிறான் என்று சொன்னால், எங்கள் அம்மாச்சி ‘அது என்ன போனு, எவ்வளவு விலை?’ என்பார். விலை லட்சங்களில் என்பதால் நாங்கள் பேச்சை மாற்றிவிடுவோம். வரிசையாக உலோகப் பட்டைகள், அவற்றின் அடியில் குழாய்கள், குழாய்களின் வாயில் மோட்டார் சுழற்றும் சின்னத் தட்டுகள். குச்சியால் தட்டினால் மணி ஓசை அலை அலையாக நடுங்கும். 1920களில் அமெரிக்காவில் பிறந்த கருவி. ஜாஸ் மேடைக்கு அதைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் லயனல் ஹாம்ப்டன். கைக்கு இரண்டாக நான்கு குச்சிகள் பிடித்து வாசிப்பதைப் பிரபலமாக்கியவர் கேரி பர்ட்டன்.

சென்னையில் தம்பி போகும் வகுப்பில் இருப்பது ஒரே ஒரு வைப்ரஃபோன். வாரத்துக்கு அரை மணி நேரம்தான் அவன் கைக்கு வரும். மீதி நாளெல்லாம் தலையணைதான். நான்கு ஸ்வரம், மறுபடி நான்கு ஸ்வரம்... ச ரி க ப, ச ரி க ப. ஜாஸ் மாணவர்களின் பாலபாடம் இது. ஜான் கோல்ட்ரேன் 1959-ல் பதிவு செய்த ‘ஜெயன்ட் ஸ்டெப்ஸ்’ முழுக்க இந்த நான்கு ஸ்வரக் கொத்துகள் கொட்டிக் கிடக்கும். “விட்டுடறேன்க்கா, தலையணையில என்ன சங்கீதம் வரும்?” என்று போன மாதம் சொல்லிவிட்டான். நான் பதில் சொல்லவில்லை. எனக்குத் தெரியவும் இல்லை.

அந்த மனநிலையில்தான் புதுக்கோட்டைக்கு, அம்மாச்சி வீட்டுக்கு வந்திருந்தோம். ஒருநாள் காலை குடுமியான்மலைக்குக் கிளம்பினோம். நகரத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். பஸ் இருக்கிறது. ஆனால், அடுத்த பஸ் எப்போது என்று கண்டக்டரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

சிகாநாதசுவாமி கோயிலின் கதை சுவாரஸ்யமானது. பிரசாத மாலையில் தலைமுடி இருந்ததை மன்னர் பார்த்துவிட, சுவாமிக்குக் குடுமி உண்டு என்று அர்ச்சகர் சமாளிக்க, லிங்கத்திலேயே குடுமி தோன்றி அவரைக் காப்பாற்றியதாம். மண்டபச் சிற்பங்களுக்கே ஒரு நாள் போதாது. நாங்கள் தேடி வந்தது பின்னால், மலையைக் குடைந்த மேலைக்கோயிலை ஒட்டிய பாறையை.

சுமார் 13 அடிக்கு 14 அடி. பல்லவ கிரந்த எழுத்தில், வரி வரியாக ஸ்வரங்கள் மட்டும். 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். ஏழு பண்களுக்கு ஏழு பகுதிகள். வெட்டியது மகேந்திரவர்ம பல்லவன் என்று பள்ளியில் படித்திருப்போம். கல்வெட்டில் அந்தப் பெயர் இல்லை. ருத்ராசாரியாரின் சீடனான, சிவபக்தனான ஓர் அரசன் என்றுதான் இருக்கிறது. யார் என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாக்குவாதம்தான்.

“எப்படி எழுதியிருக்காங்க?” என்றான் தம்பி. போனில் சேமித்து வைத்திருந்த கட்டுரையைப் படித்துக் காட்டினேன். ஸ்வரங்கள் நான்கு நான்காகக் கொத்துக் கொத்தாக இருக்கின்றன. ஒரே ரிஷபம் ர, ரி, ரு, ரெ என்று நான்கு விதமாக வருகிறது. அது எதைக் குறிக்கிறது என்பதற்கு முடிவான விடை இல்லை. ஆனால், எதற்காக வெட்டினார்கள் என்பது கல்வெட்டிலேயே இருக்கிறது: மாணவர்களின் நன்மைக்காக! இவை எட்டுக்கும் ஏழுக்கும் உரியவை என்று தமிழில் ஒரு குறிப்பும் உண்டு. வீணையின் தந்திகளைச் சொல்வதாகக் கருதுகிறார்கள்.

“நாலு நாலாவா?” என்று பாறைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டான்.

சின்னப் பிள்ளையைப் போல விரலை நீட்டி, தொடாமல், எண்ணிக்கொண்டே போனான். எனக்கு வெயில் தாங்கவில்லை. நிழலில் உட்கார்ந்துவிட்டேன். பாட்டு எதுவும் இல்லை, சாகித்யம் இல்லை, கைதட்டல் வாங்கும் கச்சேரியும் இல்லை. வெறும் பயிற்சி. அதற்கு யாரோ உளி பிடித்திருக்கிறார்.

இதே மாவட்டத்தில், திருமயம் குன்றிலும் ஒரு இசைக் கல்வெட்டு இருந்தது. அதன் பெரும்பகுதியை அழித்துவிட்டு, அங்கே சைவ வைணவக் கோயில்களுக்கு இடையிலான தகராறைத் தீர்த்த 13ஆம் நூற்றாண்டுத் தீர்ப்பைப் பொறித்துவிட்டார்கள். தீர்ப்பு அவசியம்தான். ஆனாலும் வேறு பாறையா கிடைக்கவில்லை, இந்தப் புதுக்கோட்டைச் சீமையில்?

திரும்பும் பஸ்ஸில் கஞ்சிராவைப் பற்றிப் பேச்சு வந்தது. அதைக் கச்சேரி மேடைக்கு ஏற்றிய மாமூண்டியா பிள்ளை புதுக்கோட்டைக்காரர். அதே கஞ்சிராவை ஜாஸ் கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினோடு வாசிக்கும் செல்வகணேஷ், 2024-ல் ‘சக்தி’ குழுவுக்குக் கிடைத்த கிராமி விருதில் பங்கு பெற்றவர். தம்பிக்கு இதெல்லாம் ஏற்கெனவே தெரியுமாம். எனக்குத்தான் புதுசு.

அன்று இரவு அம்மாச்சி என்னை எழுப்பினார். “இந்தப் பய தலகாணிய ஏன் போட்டு அடிக்கிறான்?”

“நாலு நாலா அடிக்கிறான் அம்மாச்சி. தூங்குங்க.”