மூன்று திங்களுக்கு ஒரு முறை

"பட்டணம் போய் வந்தீர்களே, என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டனர் ஊரார். "டாக்டரைப் பார்த்தோம்" என்றார் அம்மா. கேட்டவர் சிரிக்கவில்லை, சொன்னவரும் சிரிக்கவில்லை. எங்கள் ஊரிலிருந்து சென்னைக்கு வண்டி ஏறுபவர் நோய்க்காகப் போவார், வேலைக்காகப் போவார், வழக்குக்காகப் போவார். கண்ணுக்காகப் போனவரும் உண்டு — கண் மருத்துவரிடம்! காட்சிக்காகப் போனவர்? ஒருவரும் இல்லை.

நான் அரியலூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஆசிரியை. கல்லூரியில் வரலாறு படித்தவள். படித்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவள். அம்மா, முந்திரிக் காட்டிலும் கடலைக் கொல்லையிலும் நாற்பது ஆண்டு உழைத்தவர். கொட்டையின் எண்ணெய் பட்டுக் கறுத்துப் போன விரல்கள் அவருடையவை. அந்த உழைப்பாளியின் இதயம் 2023ஆம் ஆண்டின் இறுதியில் தடுமாறத் தொடங்கிற்று. உள்ளூர் மருத்துவர் சென்னைக்கு எழுதிக் கொடுத்தார். சென்னையில், "மூன்று திங்களுக்கு ஒரு முறை வருக" என்று சீட்டில் எழுதினர். புலவர்கள் ஆண்டை ஆறு பருவமாகப் பகுத்தனர். எங்களுக்கு நான்காகப் பகுத்துத் தந்தது அந்தச் சீட்டு!

முதல் பயணம் 2024 சனவரியில். விடியுமுன் எழும்பூரில் இறங்கினோம். முற்பகல் பதினொரு மணிக்கெல்லாம் மருத்துவமனை வேலை முடிந்தது. ஊருக்கு வண்டியோ இரவு பதினொன்றுக்கு மேல். இடையில் பன்னிரண்டு மணி நேரம்! என்ன செய்தோம் தெரியுமா, தோழர்களே? நிலையத்துக்கே திரும்பி வந்து உட்கார்ந்தோம். 1908இல் திறக்கப்பட்ட அந்தச் செந்நிறக் கட்டடத்தின் தூண்களை நான் எண்ணினேன். அம்மா புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார். எங்களைச் சுற்றிலும் எங்களைப் போன்றவர்களே. மஞ்சள் பை, அதற்குள் எக்ஸ்ரே உறை, அதன்மேல் தலை. வெளியே, சென்னை ஆண்டிலேயே மிகவும் இனிமையாக இருக்கும் திங்கள். வெயிலில் கூடக் கடுமை இல்லை. நந்தனத்தில் புத்தகக் காட்சி நடந்து கொண்டிருந்தது. 1851இல் தொடங்கிய அருங்காட்சியகம் அம்மாவின் நடைக்குக் கூட அரை மணித் தொலைவுதான். வரலாற்று ஆசிரியை நான், அதன் வாசலை எட்டிப் பார்க்காமல் தூணை எண்ணிக் கொண்டிருந்தேன்! ஊர் திரும்பிய பிறகுதான் வெட்கம் பிடுங்கித் தின்றது.

"ஏனம்மா, எங்காவது போயிருக்கலாமே?" என்றேன். "நமக்கு எதற்கு கண்ணு அதெல்லாம்?" என்றார். 

நமக்கு எதற்கு! எத்தனை தலைமுறையாகச் சொல்லி வந்த சொல் இது! பள்ளிக்கூடம் நமக்கு எதற்கு என்றார்கள், செருப்பு நமக்கு எதற்கு என்றார்கள், நாற்காலி நமக்கு எதற்கு என்றார்கள். அவற்றையெல்லாம் போராடி மீட்டோம். கடைசியாக எஞ்சியிருக்கிறது, களிப்பு நமக்கு எதற்கு என்பது. இல்லாமை கையைத்தான் கட்டும். இந்தச் சொல்லோ கண்ணைக் கட்டுகிறது. அதை அவிழ்ப்பது என்று முடிவு செய்தேன்.

ஏப்ரலில் போனபோது, "அம்மா நடக்கலாமா?" என்று மருத்துவரைக் கேட்டேன். "நிழலில், மெல்ல நடக்கட்டும்" என்றார். போதாதா! உச்சி வெயில் நேரத்தை அருங்காட்சியகத்தில் கழித்தோம். அமராவதியிலிருந்து கொண்டு வரப்பட்ட கற்கள், ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையவை. தாமரை, யானை, கூடி நிற்கும் மக்கள். அம்மா வெகு நேரம் பார்த்துவிட்டு, "செதுக்கியவர் பெயர் போட்டிருக்கிறதா?" என்றார். இல்லை என்றேன். "அதுதானே பார்த்தேன்" என்று நகர்ந்தார்.

மாலையில் கடற்கரை. நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணம் இல்லை என்பது தெரிந்திருந்தும் அம்மா முடிச்சை அவிழ்த்துச் சில்லறை எடுத்தார். நடத்துநர், "வையுங்கம்மா உள்ளே" என்று சீட்டைக் கொடுத்துப் போனார். சென்னைக்கு மூன்றே பருவம் உண்டு, வெயில், கடுவெயில், கொடுவெயில் என்று நகரத்தார் கேலி பேசுவது வழக்கம். அவர்கள் அங்கேயே இருப்பதால் வந்த சலிப்பு அது. வெயிலில் வெந்தவனுக்குத்தான் அந்தக் கடற்காற்றின் அருமை தெரியும்! நிலம் விரைவில் சூடேறும். கடல் மெல்லச் சூடேறும். நிலத்தின் மேல் காய்ந்த காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலின் குளிர்ந்த காற்று ஓடி வருகிறது. மேலைக் காற்று மல்லுக்கு நின்றால் அதன் வரவு தாமதப்படும், அன்று நகரம் தவிக்கும். வகுப்பில் பலமுறை கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கியிருக்கிறேன். அந்த அம்புக்குறி அன்றுதான் என் முகத்தில் வந்து மோதியது.

அம்மா கடலை அன்றுதான் முதன்முதலாகக் கண்டார். ஐம்பத்தெட்டு வயதில்! எங்கள் ஊரிலிருந்து கடல் நூறு கிலோமீட்டர் கூட இராது. கணுக்கால் நனைய நின்றவர், குனிந்து ஒரு சிப்பியை எடுத்து, "நம் கொல்லையில் கிடப்பது போலவே இருக்கிறதே" என்றார். உண்மை. அரியலூர் மண்ணில் சிப்பியும், நத்தை போலச் சுருண்ட கல்லும் கிடைக்கும். பத்துக் கோடி ஆண்டு அளவுக்கு முன்பு அங்கே கடல் இருந்தது. சொன்னேன். "அப்படியானால் நான் கடலில்தான் கடலை பறித்தேனா!" என்று சிரித்தார். நோய் கண்டபின் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அதுவே முதல் முறை.

திரும்பும்போது உழைப்பாளர் சிலையருகே நின்றார். நால்வர் பாறையைப் புரட்டும் அந்தச் சிலை 1959இல் நிறுவப்பட்டது. வடித்தவர் சென்னை ஓவியப் பள்ளியின் தலைவராக இருந்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி. "இதற்காவது பெயர் இருக்கிறதே" என்றார் அம்மா. பிறகு, "பாறை அசைந்ததா?" என்று கேட்டார். 1923ஆம் ஆண்டு மே முதல் நாள், இந்தக் கடற்கரையிலேதான் சிங்காரவேலர் இந்த நாட்டின் முதல் மே நாளைக் கொண்டாடினார் என்பதைச் சொல்லி, கொஞ்சம் அசைந்தது என்றேன்.

சூலையில் மாலை இடி மழை எங்களைச் சுரங்க ரயில் நிலையத்துக்குள் தள்ளிற்று. நகரும் படிக்கட்டைக் கண்டு அம்மா மூன்று முறை காலை வைத்து மூன்று முறை எடுத்தார். பள்ளிச் சிறுமி ஒருத்தி, "பாட்டி, என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்றாள். ஏறியவர் இறங்க மறுத்தார்! மேலே போய், கீழே வந்து, மறுபடி மேலே. மழை விட்ட பிறகும் நாங்கள் அங்கேதான் இருந்தோம்.

அக்டோபர் வந்தது. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். எங்கள் ஊரில் அந்த மழையை வானம் பார்த்து வரவேற்போம். மக்காச்சோளம் அதை நம்பித்தான் முளைக்கிறது. நகரமோ அதைக் கண்டு நடுங்குகிறது. 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரையும் பட்டவர்கள் மறப்பார்களா? 2024 அக்டோபர் நடுவில் கனமழை எச்சரிக்கை வந்ததும், வேளச்சேரிப் பக்கம் மேம்பாலத்தின் மேல் கார்களை வரிசையாக நிறுத்தினார்கள். அதற்குச் சில நாள் கழித்து எங்கள் முறை.

தொலைக்காட்சியில் கண்ட தியாகராய நகர்க் கடைத்தெருவைப் பார்க்க வேண்டும் என்றார் அம்மா. வாங்க அல்ல, பார்க்க! போய்ச் சேர்ந்ததும் வானம் உடைந்தது. பூக்கார அம்மாள் ஒருவர் தம் தார்ப்பாயின் ஓரத்தில் எங்களுக்கு இடம் கொடுத்தார். தண்ணீர் கணுக்கால் ஏறியது. "இந்த இடமெல்லாம் ஏரியாம், பாட்டி சொல்லும்" என்றார் அவர். பாட்டி சொன்னது சரியே. மயிலாப்பூரின் நீண்ட ஏரியை 1920களில் வற்றவைத்துத்தான் அந்த நகர் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ' என்ற பெயரில் சாலை ஒன்று இன்றும் இருக்கிறது, ஏரிதான் இல்லை. "மழைக்குப் பழைய முகவரிதானே தெரியும்!" என்றார் அம்மா.

மழை தணிந்தது. எதிரே நான்கு பேர் அடைப்பெடுக்க வடிகாலில் இறங்கினர். நீண்ட கம்பி, கூடை, வெறுங்கை. அம்மா தேநீர்க் கடையில் நான்கு குவளை சொன்னார். அவர்களில் ஓர் இளைஞர் பேச்சைக் கேட்டதும் நிமிர்ந்தார். "செயங்கொண்டம் பக்கமா அம்மா?" அவரும் அந்தப் பக்கத்தவரே! மழை உண்டா, சோளம் முளைத்ததா என்று கேட்டார். நாங்கள் கடற்கரை போன கதையை அம்மா சொன்னார். 

"நானும் போவேன் அம்மா. ஆறு ஆண்டாகப் போகிறேன். குப்பை வார."

"சும்மா போய் உட்கார்ந்ததில்லையா?"

"நமக்கு எதற்கு அம்மா அதெல்லாம்?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. அந்தக் கறுத்த விரல்களால் இளைஞரின் ஈரக் கையைப் பிடித்து, "ஒருநாள் சும்மா போய் உட்காரு தம்பி. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போ. யாரும் காசு கேட்க மாட்டார்கள், நான் பார்த்துவிட்டேன்" என்றார். பதில் சொல்ல அவருக்கு நேரமில்லை. மேற்பார்வையாளர் அழைத்துவிட்டார்.

2025 சனவரி முதல் வாரத்தில் ஐந்தாம் பயணம். வண்டியிலேயே அம்மா திட்டத்தைச் சொல்லிவிட்டார்: மருத்துவமனை, பிறகு புத்தகக் காட்சி. ஐந்தாம் வகுப்போடு நின்றவர். பெரிய எழுத்தில் அச்சிட்ட கதைப் புத்தகம் ஒன்று தமக்கு, இரண்டு என் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்று கணக்கும் வைத்திருந்தார். மருத்துவர் தாள்களைப் புரட்டி, "நல்ல முன்னேற்றம். இனி ஆறு திங்களுக்கு ஒரு முறை வந்தால் போதும்" என்றார்.

அம்மாவின் முகம் வாடிற்று. விரல் மடக்கி எண்ணினார். "ஆறா? அப்படியானால் அடுத்தது சூலையிலா? சித்திரைக் காற்று தப்பிப் போய்விடுமே, டாக்டரம்மா!"

மருத்துவருக்கு ஒன்றும் புரியவில்லை, என்னைப் பார்த்தார். நான் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். நந்தனம் போகும் பேருந்தைப் பிடிக்க அம்மா அதற்குள் வாசலுக்குப் போய்விட்டிருந்தார்.