வளர்ற பிள்ளைக்கு எடுத்த சீட்டு



போன வாரம் இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு அழைப்பு. 1998-ல் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த பையன். (பையன் என்றுதான் வாயில் வருகிறது. காதோரம் நரைத்துவிட்டது அவனுக்கு.) இப்போது டெக்சஸில் இருக்கிறான். மனைவிக்கு ஏழாவது மாதம். நலம் விசாரித்து முடித்ததும், "டீச்சர், பேத்தி பிறந்தப்ப நீங்க நியூஜெர்சியில ஆறு மாசம் இருந்தீங்கல்ல? இன்ஃபன்ட் சீட் வாங்கலாமா, கன்வெர்ட்டிபிள் சீட் வாங்கலாமா? ரெண்டு நாளா வீட்டுல இதுதான் சண்டை" என்றான்.

இந்தக் கேள்விக்கு முதல் தடவை தப்பான பதில் சொன்னவள் நான். அதை அவனிடம் சொன்னேன். உங்களில் பலருக்கும் பயன்படும் என்று இங்கேயும் எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் இருக்கும் உறவுகளுக்காக முதலில் இரண்டும் என்னவென்று சொல்லிவிடுகிறேன். இன்ஃபன்ட் சீட் என்பது கைப்பிடி வைத்த கூடை மாதிரி. காரில் பேஸ் என்று ஒரு அடித்தட்டை நிரந்தரமாக மாட்டி வைத்துவிட்டு, கூடையை மட்டும் டக்கென்று மாட்டலாம், எடுக்கலாம். தூங்குகிற குழந்தையை எழுப்பாமல் வீட்டுக்குள் கொண்டு போகலாம். ஆனால் ஒரு வயதுக்கு முன்னே பின்னே குழந்தைக்கு அது பற்றாமல் போய்விடும். கன்வெர்ட்டிபிள் என்பது காரிலேயே கிடக்கும் பெரிய சீட்டு. குழந்தை சின்னதாக இருக்கும்போது காரின் பின்பக்கம் பார்த்தபடியும், வளர்ந்த பிறகு முன்பக்கம் திருப்பியும் வைக்கலாம். நாலைந்து வயது வரைகூட வரும். கூடை மாதிரி தூக்கிக்கொண்டு நடக்க முடியாது.

2022 டிசம்பரில் நான் எடிசன் நகரத்தில் மகள் வீட்டில் போய் இறங்கியபோது இந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. நான் முதலில் கேட்ட கேள்வி வேறு: "எதுக்குடி சீட்டு? நான்தான் வந்திருக்கேன்ல, மடியில வெச்சுக்க மாட்டேனா?"

மகள் பதில் பேசவில்லை. நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கி, இடது புருவத்துக்கு மேலே தொட்டுக் காட்டினாள்.

1991. மதுரையில் ஒரு கல்யாணத்துக்குச் சாத்தூரிலிருந்து வாடகை அம்பாசிடரில் போனோம். முன் சீட்டில் ஜன்னலோரம் நான், மடியில் ஒன்றரை வயது மகள். திருமங்கலம் தாண்டவில்லை, ஆட்டுக்கூட்டம் குறுக்கே வந்துவிட்டது. டிரைவர் பிரேக் போட்டார், அவ்வளவுதான். வண்டி எதிலும் மோதக்கூட இல்லை. இரண்டு கையாலும் இடுப்பை இறுக்கிப் பிடித்திருந்தேன் என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். ஆனால் பிள்ளை என் கையில் இல்லை. டேஷ்போர்டு விளிம்பில் நெற்றி பட்டுக் கீழே கிடந்தது. நாலு தையல். கல்யாணத்துக்குக் கட்டியிருந்த பட்டுச்சேலை முந்தானையால் ரத்தத்தை அழுத்திக்கொண்டு போனேன். அந்தச் சேலையை அப்புறம் நான் கட்டவில்லை.

ஆசிரியர் புத்தி, பின்னாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 50 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர். மோதிய கார் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிட்டால், உள்ளே இருக்கும் பொருளைப் பிடித்து நிறுத்த அதன் எடையைப்போல 14 மடங்கு விசை வேண்டும். நாலு கிலோ குழந்தை அந்தக் கணத்தில் 56 கிலோ. அரிசி மூட்டையை எந்தப் பாட்டி இரண்டு கையால் பிடித்து நிறுத்துவாள்?

ஆகவே மடிப் பேச்சு அத்தோடு முடிந்தது. அடுத்தது எந்தச் சீட்டு என்பது. மகளுக்கு இன்ஃபன்ட் சீட்டில் ஆசை. நான்தான் குறுக்கே விழுந்தேன். "ஒரு வருஷத்துல பத்தாம போற சாமானுக்கு 150 டாலரா? 280 டாலருக்குப் பெருசா ஒண்ணு வாங்குனா அஞ்சு வயசு வரைக்கும் கிடக்குமே." மாப்பிள்ளை பாவம், "அத்தை சொல்றதும் நியாயம்தானே" என்றார். கன்வெர்ட்டிபிள் வந்து இறங்கியது. பிறந்த குழந்தைக்கும் ஆகும் என்று பெட்டியிலேயே அச்சடித்திருந்தது: 5 பவுண்டிலிருந்து 65 பவுண்டு வரை. எனக்கு ஒரே பெருமை.

இந்தப் புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் சிரிப்பு வருகிறது. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது உங்கள் அம்மாக்கள் டெய்லர் கடையில் என்ன சொல்வார்கள்? "வளர்ற பிள்ளை, கொஞ்சம் தாராளமாவே தைங்க." முதல் வருஷம் டவுசர் முழங்காலுக்குக் கீழே தொங்கும், இடுப்பில் அரைஞாண் கயிற்றைக் கொடுத்து இறுக்கிக்கொண்டு வருவீர்கள். இரண்டாம் வருஷம் சரியாக இருக்கும். மூன்றாம் வருஷம் தம்பிக்குப் போகும். என் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் தைத்தேன். சட்டைக்கு அந்தக் கணக்கு சரி. தொளதொளவென்று இருந்தால் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், வேறொன்றும் ஆகாது.

பேத்தி நாலு வாரம் முன்னாலேயே வந்துவிட்டாள். 2023 ஜனவரி, 36-வது வாரம். எடை 4 பவுண்டு 12 அவுன்ஸ். நம் கணக்கில் 2 கிலோ 150 கிராம். ஐந்து பவுண்டுக்கு நாலே அவுன்ஸ் குறைவு.

அந்த ஊரில் 37 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளை வீட்டுக்கு அனுப்புமுன் ஒரு பரிசோதனை வைக்கிறார்கள். நீங்கள் கொண்டு போகப்போகும் அதே கார் சீட்டில் குழந்தையை உட்காரவைத்து, ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் இதயத்துடிப்பு, மூச்சு, ரத்தத்தில் ஆக்சிஜன் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று மானிட்டரில் பார்ப்பது. தலை நிற்காத பிள்ளை இல்லையா? உடம்பு சரிந்து முகவாய் நெஞ்சில் போய்ப் படிந்தால் மூச்சுக்குழல் மடங்கிவிடும். சத்தமே வராது, அழவும் முடியாது. இத்தனை வருஷம் கைக்குழந்தைகளைப் பார்த்தவள் நான், இது எனக்குத் தெரியாது.

மாப்பிள்ளை காரில் மாட்டியிருந்த சீட்டைக் கழற்றி, பனியில் நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார். நர்ஸ் முதலில் ஒட்டியிருந்த லேபிளைப் படித்தார், பிறகு எடைச் சீட்டைப் படித்தார். எங்களுக்குப் புரியவேண்டும் என்று குழந்தையை ஒரு நிமிஷம் அதில் கிடத்திக் காட்டினார். பின்பக்கம் பார்த்து உட்காரும் குழந்தைக்குத் தோள்பட்டை வார் தோளுக்குச் சமமாகவோ கீழேயோ இருந்து வரவேண்டும். எங்கள் சீட்டில் ஆகக் கீழ்த் துளையிலிருந்து வந்த வாரே குழந்தையின் காதருகே இருந்தது. இரண்டு பக்கமும் என் கை நுழையும் அளவு இடம். பெரிய அண்டாவுக்குள் போட்ட எலுமிச்சம்பழம் போலக் கிடந்தாள். இதில் அனுப்ப முடியாது என்று தன்மையாகவே சொன்னார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மகள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். "பரவாயில்லம்மா" என்றாள்.

கடை மூடுவதற்குள் மாப்பிள்ளை ஓடி, 4 பவுண்டிலிருந்து ஆகும் இன்ஃபன்ட் சீட் ஒன்றை வாங்கி வந்தார். மறுநாள் காலை அதில் வைத்துப் பரிசோதனை. மானிட்டரில் எண்கள் மாறிக்கொண்டே இருந்தன. தேர்வு அறையில் மேற்பார்வை பார்த்தே பழகிய எனக்கு அன்றைக்குத்தான் தேர்வு எழுதுகிறவர்களின் வயிறு எப்படி இருக்கும் என்று தெரிந்தது. தேறிவிட்டாள். நான் பின்னி வைத்திருந்த தடிமனான ஸ்வெட்டரைப் போட்டுவிடப் போனேன், நர்ஸ் அதையும் கழற்றச் சொல்லிவிட்டார். கனமான துணிக்கு மேல் வார் போட்டால் இறுக்கமாக இருப்பது போலத் தெரியும், மோதும்போது துணி அமுங்கி வார் தளர்ந்துவிடுமாம். முதலில் வார், அதற்கு மேலே போர்வை.

இந்த வாரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சீட்டு விலை 100 டாலரோ 500 டாலரோ, இரண்டுமே அரசாங்கத்தின் ஒரே மோதல் சோதனையில் தேறித்தான் கடைக்கு வரவேண்டும். தப்பெல்லாம் நாம் மாட்டுவதில்தான். வாரை இறுக்கியபின் தோள் மேட்டில் இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள், மடிப்பு அகப்படக்கூடாது. நெஞ்சுக் கிளிப் அக்குள் உயரத்தில் இருக்கட்டும், வயிற்றுக்கு இறங்கவேண்டாம். சீட்டை பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டினால் ஒரு அங்குலத்துக்கு மேல் அசையக்கூடாது. முன் சீட்டில் ஏர்பேக் இருக்கும் இடத்தில் பின்பக்கம் பார்த்த சீட்டை ஒருநாளும் வைக்காதீர்கள். தெரியாதவர் வீட்டுப் பழைய சீட்டு வேண்டாம், விபத்தில் இருந்ததா என்று பார்த்தால் தெரியாது. அடியில் காலாவதித் தேதியும் இருக்கும்.

ஏன் பின்பக்கம் பார்த்து என்று என் தங்கை கேட்டாள். பிறந்த குழந்தையின் உயரத்தில் கால் பங்கு தலைதான். கழுத்தோ வாழைத்தண்டு. முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தால் உடம்பை வார் பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் முன்னே பாயும். பின்பக்கம் பார்த்திருந்தால் தலை, கழுத்து, முதுகு எல்லாவற்றையும் சீட்டின் ஓடு மொத்தமாகத் தாங்கிக்கொள்ளும். 2023-ல் இருந்த நியூஜெர்சி சட்டப்படி இரண்டு வயதுக்குள், 30 பவுண்டுக்குள் இருந்த பிள்ளைக்குப் பின்பக்கம்தான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அகாடமி 2018-ல் வயதுக் கணக்கையே விட்டுவிட்டு, சீட்டின் எடை உயர அளவு தாண்டும்வரை பின்பக்கமே வையுங்கள் என்று சொல்லிவிட்டது.

இன்ஃபன்ட் சீட்டையும் நான் ஒழுங்காகப் பயன்படுத்தினேன் என்று சொல்ல மாட்டேன். கடைக்குப் போய் வந்தபின் அதிலேயே தூங்கட்டும் என்று கூடத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். மகள் வந்து எடுத்துப் படுக்கையில் மல்லாக்கப் போட்டாள். காரின் சாய்மானத்துக்குச் செய்த கூடை அது, தரையில் வைத்தால் கோணம் மாறும். வீட்டில் தூங்கவைக்க அது தொட்டில் அல்ல. இன்னொன்று, கூடையின் சௌகரியமும் கொஞ்ச நாளைக்குத்தான். கூடை நாலு கிலோ, நாலாவது மாதம் பிள்ளை ஆறு கிலோ. என் முழங்காலுக்கு அந்தப் பத்து கிலோவும் மாடிப்படியும் ஒத்துவரவில்லை.

பதினோராவது மாதம் பேத்தியின் தலைக்கு மேலே ஓடு ஒரு அங்குலம்கூட மிச்சமில்லை என்று வீடியோவில் காட்டினார்கள். எடை வரம்புக்கு இன்னும் நிறைய இருந்தது. உயரம்தான் முதலில் முட்டும். பெட்டிக்குள் கிடந்த பெரிய சீட்டு அன்றைக்கு வெளியே வந்தது. எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

டெக்சஸ் பையனிடம் சொன்னது இதுதான். கையில் பணம் இருந்தால் முதலில் கூடை, பிறகு பெரியது. ஒன்றுதான் முடியும் என்றால் பெரியதே வாங்கு, தப்பில்லை. ஆனால் 4 பவுண்டிலேயே தொடங்கும் சீட்டாகப் பார். ஆகக் கீழ்த் துளை எவ்வளவு உயரம் என்று டேப் வைத்து அள. பின்பக்கம் பார்த்து வைத்தால் முன் சீட்டுக்காரருக்கு முழங்கால் இடிக்குமா என்று உன் காரிலேயே மாட்டிப் பார். இரட்டைப் பிள்ளை, குறைமாதம் என்று டாக்டர் ஏதாவது கோடி காட்டியிருந்தால் யோசிக்கவே வேண்டாம், கூடைதான். அவனுக்கும் அவன் மனைவிக்கும் எந்தப் பக்கம் சண்டை என்று நான் கேட்கவில்லை.

"அது அமெரிக்காவில், இங்கே எதுக்கு?" என்று சம்பந்தி அம்மா கேட்டார்கள். இங்கேயும் 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 194பி என்று ஒரு பிரிவு உண்டு. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் கொண்டு போனால் 1000 ரூபாய் அபராதம். யாரிடமாவது வாங்கிப் பார்த்திருக்கிறோமா என்பது வேறு விஷயம்.

இந்த மே மாதம் மகள் பிள்ளையோடு வந்தாள். மதுரை விமான நிலையத்துக்கு வாடகைக் காரில் போனேன். ஓட்டியவரும் நம் பள்ளி மாணவர்தான், 2003-ல் என் வகுப்பு. மகள் சீட்டைத் தூக்கிக்கொண்டு வந்து பின் சீட்டில் வைத்துப் பார்த்தால் பெல்ட் தொங்குகிறது, மாட்டுகிற கொக்கியைக் காணோம். புது ரெக்சின் கவர் போட்டபோது கொக்கிகளை எல்லாம் உள்ளே வைத்துத் தைத்திருக்கிறார்கள். "டீச்சர், பாப்பாவை மடியில வெச்சுக்கோங்க, நான் மெதுவாப் போறேன்" என்றார்.

"அந்த டிரைவரும் மெதுவாத்தாம்பா போனாரு" என்றேன். அவருக்குப் புரியவில்லை. மகளின் புருவத்தைக் காட்டிச் சொன்னேன். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு முன்னால் போய் ஒரு பிளேடை எடுத்து வந்து, மாதக்கடைசியில் காசு கொடுத்துப் போட்ட கவரை இரண்டு இடத்தில் கீறி, கொக்கியை வெளியே இழுத்தார். கவருக்குக் காசு கொடுத்தேன், வாங்கவில்லை. கீறலுக்கு நான் சாத்தூரில் உட்கார்ந்து ஓரம் அடித்துக் கொடுத்தேன்.