மழைக்கு முதல் குளம் வெட்டுறது

"கடவுள் பாத்துக்கொள்ளுவார்." இறுப்பிட்டியில வளர்ந்த எங்களுக்கு இந்த வசனம் காதில விழாத நாளில்லை. பரீட்சை முடிவு பிழைச்சாலும், வெளிநாட்டுக் காசு வரப் பிந்தினாலும், 2022 இல மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில கிடந்தபோதும் பெரியாக்கள் இதைத்தான் சொன்னவை. கலைப்பீடத்துக்கு வந்த பிறகு எங்களில கனபேருக்கு இந்த வசனத்தில ஒரு கோபம். கஷ்டப்படுற சனத்தை வாய் திறக்காமல் இருத்தி வைக்கத்தான் இது உதவுதோ எண்டு கன்ரீனில தேத்தண்ணி ஆறும்வரைக்கும் வாதாடியிருக்கிறம்.

அந்தக் கேள்வி நியாயமானதுதான். கடவுளுக்காகக் காத்திருக்கிறது எண்டால் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறது எண்டு விளங்கிக்கொண்டால், கோபப்படத்தான் வேணும். ஆனால் தீவில பிறந்த ஆக்களுக்குக் காத்திருப்புக்கு வேறொரு அர்த்தமும் தெரியும்.

எங்கட புங்குடுதீவில ஆறு இல்லை. நிலத்துக்குக் கீழ உப்புத் தண்ணிக்கு மேல மெல்லிய படையாக நல்ல தண்ணி மிதக்குது. அதுவும் ஐப்பசி, கார்த்திகை மழை ஊறினதுதான். மழையை ஆரும் வரப்பண்ணேலாது. ஆனால் குளம் தூர்ந்து, வரம்பு உடைஞ்சு கிடந்தால் பெய்த மழை நிக்காமல் கடலுக்கு ஓடிப்போயிடும். அதாலதான் ஆவணி வெயிலில, வானத்தில முகில் ஒண்டும் இல்லாத நேரத்தில, மண்வெட்டியோட குளத்துக்குள்ள இறங்க வேணும். மழை வரும் எண்டு நம்பாத ஆள் அந்த வெயிலில குளம் வெட்டாது. மழையைத் தானே கொண்டுவருவன் எண்டு நினைக்கிற ஆளும் வெட்டாது. இந்த ரெண்டுக்கும் நடுவில நிக்கிறதைத்தான் நாங்கள் விசுவாசம் எண்டு சொல்லுறம்.

வேதாகமத்தில எரேமியா இப்பிடி ஒரு வேலை செய்யிறார். பாபிலோன் படை எருசலேமைச் சுத்தி வளைச்சு நிக்குது. நகரம் விழும் எண்டு சொன்னதுக்காக அரசன் எரேமியாவை மறியலில வைச்சிருக்கிறான். அந்த நேரத்தில அவர் அனத்தோத்தில இருக்கிற சொந்தக்காரன்ர காணியை 17 சேக்கல் வெள்ளி நிறுத்துக் குடுத்து வாங்கிறார். சாட்சி வைச்சு, முத்திரை போட்டு, உறுதி நெடுங்காலம் கெடாமல் இருக்க மண்பாண்டத்துக்குள்ள வைக்கச் சொல்லுறார். எதிரி நிக்கிற காணிக்கு உறுதி முடிக்கிறார்! 1991 இடப்பெயர்வில வீட்டையும் ஆட்டையும் மாட்டையும் விட்டிட்டு, காணி உறுதியை மட்டும் சீலைக்குள்ள சுத்திக்கொண்டு போன எங்கட அம்மம்மாக்களுக்கு இந்தக் கதையை ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

எங்கட தீவுக்குத் தெற்கில, இதே கடலில இரணைதீவு இருக்கு. அங்க இருந்த கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள் 1992 இல இடம்பெயர்ந்தவை. போர் முடிஞ்ச பிறகும் கடற்படை அங்க நிண்டதால திரும்பிப் போய் இருக்க விடேல்லை. அதிகாரிகளிட்ட மனு குடுத்துப் பாத்தினம். 2017 மே 1 ஆம் திகதி இரணைமாதா நகரில போராட்டம் தொடங்கினது. முன்னுக்கு நிண்டதில பெண்கள் கனபேர். ஒரு வருசத்துக்குக் கிட்ட இருந்தும் முடிவில்லை. 2018 ஏப்ரல் 23 ஆம் திகதி வெள்ளைக் கொடி கட்டின வள்ளங்களில ஏறித் தாங்களே தீவில போய் இறங்கிச்சினம். இடிஞ்சுபோயிருந்த கோயிலில செபம் சொல்லிச்சினம். திரும்பி வரேல்லை. அடுத்த மாதம் அரசாங்கம் அவையள் அங்க இருக்கலாம் எண்டு ஒத்துக்கொண்டது. 26 வருசம் செபமாலை உருட்டின அதே கைதான் மனுவும் எழுதினது, வள்ளமும் தள்ளினது.

இதோட கட்டுரையை முடிச்சால், முயற்சி செய்தால் கடவுள் தருவார் எண்டு ஒரு லேசான கணக்காய்ப் போயிடும். தீவகத்தில இருந்துகொண்டு அப்பிடி எழுதேலாது. யாழ்ப்பாணத்துக்குப் போகிற வழியில அல்லைப்பிட்டி இருக்கு. 2006 ஓகஸ்ட் 13 ஆம் திகதி அங்க பிலிப்பு நேரியார் கோயிலில அடைக்கலம் புகுந்திருந்த சனத்துக்கு மேல எறிகணை விழுந்தது. உயிர் தப்பின சனத்தைக் காப்பாத்த ஓடித்திரிஞ்ச பங்குத்தந்தை ஜிம் பிரவுண் அடிகளாரும் அவரோட போனவரும் ஒரு கிழமையில, 20 ஆம் திகதி, காணாமல் போச்சினம். இண்டைக்கு வரைக்கும் பதில் இல்லை. கிளிநொச்சியில 2017 பெப்ரவரி 20 இல் இருந்து தெருவோரத்தில பிள்ளைகளின்ர படத்தோட இருக்கிற தாய்மாருக்கும் பதில் இல்லை. பதில் தெரியாமலே அவையில கனபேர் கண்ணை மூடிப்போட்டினம்.

அந்தத் தாய்மாரிட்டப் போய் "கடவுள் பாத்துக்கொள்ளுவார்" எண்டு சொல்ல எங்களுக்கு வாய் வராது. ஆனால் அவையள் விடாமல் கேக்கிறதும் காத்திருப்புத்தான் எண்டு சொல்லுவம். இன்னும் எவ்வளவு காலம் எண்டு கடவுளோட சண்டை பிடிக்கிற திருப்பாடல்கள் எத்தினை இருக்கு! உயிர்ப்பு ஞாயிறு விடியக்காலமை கல்லறைக்குப் போன பெண்களைப் பாருங்கோ. வாசல் கல்லை ஆர் புரட்டுவினம் எண்டு அவையளுக்குத் தெரியாது. எண்டாலும் வாசனைத் திரவியத்தை எடுத்துக்கொண்டு நடந்தவை. கல்லைப் பற்றின கேள்வி அவையளை வீட்டில இருத்தேல்லை.

எங்களுக்கும் முன்னால ஒரு கல் இருக்கு. பட்டம் கிடைக்கும், வேலை எப்ப கிடைக்கும் எண்டு தெரியாது. கூடப் படிச்ச ஆக்கள் பாஸ்போட் எடுக்க வரிசையில நிக்கினம். அவையளைக் குறை சொல்ல மாட்டம். ஊரில பாதி வீடு பூட்டிக் கிடக்கேக்க, நாங்கள் ஆருக்காகக் குளம் வெட்டுறம் எண்டு எங்களுக்கே சில நேரம் சந்தேகம் வரும். அந்தச் சந்தேகத்தோடயே ஞாயிறு பூசை முடிய, சாதாரண தரப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறம். போன வருசம் ஒன்பது பேர் வந்தவை. இந்த முறை எத்தினை பேர் வருவினம் எண்டு தெரியாது. ஆனாலும் மூலையில உடைஞ்சு கிடந்த ரெண்டு வாங்கை ஆணி அடிச்சு நிமித்தி வைச்சிருக்கிறம்.