ஆர்ட்வ்ரெக்: ஒரு பாழ்ங்கோட்டையும் அதன் நிலமும்

இடிந்த கோட்டை ஒன்றைக் கண்டால், இதை ஆண்டவர் யார் என்று கேட்பதே நம் வழக்கம். இதற்குச் சோறிட்ட நிலம் எது, கோட்டை வீழ்ந்தபின் அந்நிலம் யார் கைக்குப் போயிற்று என்று கேட்பவர் அரியர். ஸ்காட்லாந்தின் வடமேற்கே சதர்லாந்து வட்டாரத்திலுள்ள ஆர்ட்வ்ரெக் கோட்டை இந்த இரண்டாம் கேள்வியை நம்முள் விதைத்தது.

சில ஆண்டுகளுக்கு முன், அந்நாட்டில் பணிபுரியும் உறவினர் ஒருவரின் அழைப்பின்பேரில் சென்றிருந்தபோது அதனைக் கண்டோம். அசிண்ட் ஏரிக்குள் நீண்டு செல்லும் பாறைமுனையொன்றின் மீது கோட்டை நிற்கிறது. நீர் பெருகும் காலத்தில் அம்முனை தீவாகிவிடும். எஞ்சியிருப்பது கோபுரத்தின் ஒரு பகுதியே. கீழே வட்டமாக எழுந்து மேலே சதுரமாக மாறும் படிக்கட்டுத் தூணைக் கொத்தர்களின் கைத்திறனுக்காகவே நெடுநேரம் பார்த்து நின்றோம். வடக்கே குவினாக் மலை. சுற்றுப்புறமெங்கும் பிரித்தானியாவிலேயே மிகப் பழமையான பாறைகள். அவற்றுள் சிலவற்றுக்கு வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள் என்கின்றனர் நிலவியலார். அத்தகைய பாறைமீது மண் ஒரு மெல்லிய போர்வைதான். சிறு துண்டுகளில் ஓட்சும் பார்லியும், மலைச்சரிவில் மாடுகளும் என்பதே அங்கு வாழ்க்கையாக இருந்தது.

கோட்டையைக் கட்டியவர்கள் அசிண்டின் மக்லவுட் குலத்தார். காலம் 15ஆம் நூற்றாண்டின் இறுதி என்பர். அதன் பெயரை வரலாற்றில் நிறுத்தியது 1650இல் நிகழ்ந்த ஒரு காட்டிக்கொடுப்பு. மன்னர் இரண்டாம் சார்லஸுக்காகப் படை திரட்டிய மாண்ட்ரோஸ் பிரபு, ஏப்ரல் 27 அன்று கார்பிஸ்டேலில் தோற்று, மலைகளில் பசியோடு அலைந்து அசிண்டுக்கு வந்து சேர்ந்தார். நீல் மக்லவுட் அவரை ஆர்ட்வ்ரெக்கில் சிறைவைத்து எடின்பரோ அரசிடம் ஒப்படைத்தார். மே 21 அன்று மாண்ட்ரோஸ் தூக்கிலிடப்பட்டார். (அவர் யாருக்காகப் போரிட்டாரோ அந்த மன்னர், அதே எடின்பரோ அரசோடு அதே நாட்களில் உடன்படிக்கை செய்துகொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். காட்டிக்கொடுத்தவர் ஒருவர் மட்டுமல்லர்.)

நீலுக்குக் கிடைத்த பரிசில் ஓட்ஸ் மாவும் அடங்கும் என்பது வழக்கு. அந்த மாவும் புளித்துப்போயிருந்தது என்று ஊரார் சேர்த்துச் சொல்வர். அக்காலத்துக் கேலிக் மொழிப் புலவர் இயான் லோம், மாண்ட்ரோஸுக்குப் பாடிய இரங்கற்பாவில் அசிண்டின் தலைவரைப் பெயர் சொல்லியே சாடினார். இதே புலவர்தாம் 1645இல் இன்வர்லாக்கி வெற்றியைப் பாடியவர். தலைவனை இழந்து கையற்றுப் பாடுவதை நம் இலக்கணம் கையறுநிலை என்னும். இங்கே கையறவு வசையோடு கலந்துவிட்டது. மன்னராட்சி மீண்டபின் நீல் சிறைப்பட்டு, விசாரிக்கப்பட்டு, விடுபட்டார். வழக்குமன்றம் விடுவித்தவரைப் பாட்டு விடுவிக்கவில்லை. இன்றும் ஆர்ட்வ்ரெக் என்றால் அந்த மாவு மூட்டைதான் பேச்சாகிறது.

1672இல் மக்கன்சி குலத்தார் கோட்டையை முற்றுகையிட்டுக் கைப்பற்றினர். கோட்டை வாழ்வு அவர்களுக்குச் சலித்தது போலும். 1726இல் ஏரிக்கரையிலேயே கால்டா என்னும் நாகரிக மாளிகையைக் கட்டிக்கொண்டனர்; பழைய கோட்டையின் கற்களையே அதற்குப் பெயர்த்தனர் என்பர். 1737இல் மாளிகை தீக்கிரையாயிற்று. அதன் வெறுஞ்சுவர்களும் கோட்டைக்கு அருகிலேயே நிற்கின்றன. கோட்டையைப் பற்றிப் பேய்க்கதைகள் பல, அவற்றை விட்டுவிடுகிறோம்.

நம் கேள்வி தொடங்கும் இடம் இதற்குப் பின்னர்தான். கோட்டை இடிந்தது, மாளிகை எரிந்தது, தலைவர்கள் கடனில் மூழ்கினர். ஆனால் உடைமைக்கு ஒரு கீறலும் விழவில்லை. 1757இல் அசிண்ட் முழுவதையும் சதர்லாந்து பிரபுவின் குடும்பம் விலைக்கு வாங்கிற்று. 'எஸ்டேட்' என்றவுடன் நம்மவர்க்குத் தேயிலைத் தோட்டம் நினைவுக்கு வரும். இது நம் ஜமீனை ஒத்தது. மலை, ஏரி, மீன், மான், குடியிருப்பவர் கட்டும் வாடகை அனைத்தும் ஒரு பத்திரத்துக்குள் அடங்கும். 1774இல் ஜான் ஹோம் என்னும் அளவையாளர் ஊர் ஊராகச் சென்று அசிண்டை அளந்தார். அளந்த நிலம் கணக்காகும். கணக்கில் மனிதரைவிட ஆடு இலாபம் என்று ஒருநாள் தெரியவரும்.

தெரியவந்தது. 19ஆம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் உள்நாட்டு ஊர்களிலிருந்து குடிகள் அகற்றப்பட்டு, நிலம் ஆட்டுப் பண்ணைகளுக்கு விடப்பட்டது. அகற்றப்பட்டோர் கடலோரத்தில் பாறைக்கும் அலைக்கும் இடையே துண்டு நிலங்களில் குடியேற்றப்பட்டனர். கப்பலேறியோரும் பலர். அசிண்டின் கடற்கரை ஊரில் பிறந்த நார்மன் மக்லவுட் என்னும் சமயப் போதகர் 1817இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குச் சென்றார்; அங்கும் பஞ்சம் தொடர, தம்மைச் சூழ்ந்த மக்களோடு ஆஸ்திரேலியா வழியாக நியூசிலாந்தின் வைப்பூவில் போய்க் குடியமர்ந்தார். அப்போது அவருக்கு எழுபது வயது கடந்திருந்தது. ஓர் ஏரிக்கரையின் கணக்கு உலகின் மறுகோடிவரை மனிதரைத் துரத்திற்று.

1886ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியிருந்த 'கிராஃப்டர்' எனப்படும் சிறுகுடியானவர்களுக்கு வெளியேற்றப்படாத உரிமை தந்தது, உடைமையைத் தரவில்லை. 20ஆம் நூற்றாண்டில் சதர்லாந்து குடும்பத்திடமிருந்து நிலம் கைமாறி, இறைச்சி வணிகத்தால் செல்வரான வெஸ்டி குடும்பத்தை அடைந்தது. அவர்கள் 1989இல் வடபகுதி 21,000 ஏக்கரை ஒரு சுவீடன் நிறுவனத்துக்கு விற்றனர். 1992இல் அந்நிறுவனம் நொடித்தது. நிலத்தை ஏழு துண்டுகளாக்கி விற்க ஏற்பாடாயிற்று. தம்மைக் கேளாமலே தம் காலடி நிலம் இவ்வாறு மீண்டும் மீண்டும் விலைபோவது கண்டு, குடியானவர்கள் ஒரு பொறுப்பாட்சி அமைத்து, ஊரில் ஒரு கூட்டம், செய்தித்தாளில் ஒரு வேண்டுகோள் எனப் பணம் திரட்டி, தாமே விலை கேட்டனர். அவர்கள் கேட்ட விலை மறுக்கப்பட்டது, மீண்டும் கேட்டனர். 3,00,000 பவுண்டுக்கு முடிந்து, 1993 பிப்ரவரியில் நிலம் அவர்கள் கைக்கு வந்தது. ஸ்காட்லாந்து முழுவதும் பிற ஊரார் இதைக் கண்டு எழுந்தனர். 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் ஊர்ச் சமூகங்களுக்கு நிலத்தை முதலில் வாங்கும் உரிமையை அளித்தது.

நம் மதிப்பீட்டில் ஆர்ட்வ்ரெக் உண்மையில் வீழ்ந்தது 1672இலும் அன்று, 1737இலும் அன்று, 1993இல்தான். கோட்டை என்பது சுவரன்று. பிறர் வாழும் நிலத்தின்மீது ஒருவர் கொண்ட உரிமைதான் கோட்டை. அன்று குடியானவர் வாங்கிய நிலத்துக்குள் இந்தக் கோபுரம் அடங்கவில்லை என்பதும் இம்மதிப்பீட்டை மாற்றாது.

பின்னாளில், உள்ளூரார் அமைத்த வரலாற்றுக் குழு ஒன்று கோபுரமும் கால்டா மாளிகையின் சுவர்களும் மேலும் சரியாதபடி பழுதுபார்த்தது. தம் முன்னோரை ஆண்ட வீட்டைத் தாமே தாங்கிப் பிடிக்கும் இப்பெருந்தன்மையை எப்படி எடுத்துக்கொள்வதென்று நமக்கு விளங்கவில்லை. பயணிகள் வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். வசைபாடிய புலவரையும் மாவு மூட்டையையும் வழிகாட்டி நூல்கள் மறவாமல் சொல்கின்றன. அகற்றப்பட்ட ஊர்களைக் காண்பதற்குச் சாலையை விட்டு இறங்கிச் சேற்றில் நடக்க வேண்டும். நாமும் நடந்தோம். முழங்கால் உயரக் கற்சுவர், பாசி, பழைய பாத்திகளின் வரி வரியான மேடுகள். அவ்வளவே.

1993இல் மீட்கப்பட்டவை துரத்தப்பட்டோர் குடியேறிய கடலோர ஊர்கள். உள்நாட்டிலும் கிளென்கானிஸ்ப், ட்ரம்ரனி ஆகிய 44,000 ஏக்கரை 2005இல் ஊரார் வாங்கினர். அந்த மலைவெளியில் இன்று மான்கள் மேய்கின்றன. வீடுகள் மிகச் சில.