அளவு ஜாக்கெட்

தையல்காரரிடம் போகும்போது அம்மா கையில் எப்போதும் இரண்டு பொட்டலம் இருக்கும். ஒன்றில் புதுத் துணி, இன்னொன்றில் அளவு ஜாக்கெட். மதுரைப் புதுமண்டபத்தில் கல்தூண்களுக்கு நடுவே தையல் மிஷின்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் தையல்காரரின் கழுத்தில் டேப் தொங்கும். ஆனால் அது எங்கள் மேல் ஒருநாளும் பட்டதில்லை. பழைய ஜாக்கெட்டைப் பலகையில் விரித்து, அதைத்தான் அளப்பார். "கை மட்டும் அரை இஞ்ச் லூஸ் வைங்கண்ணே" என்பாள் அம்மா. அந்த ஜாக்கெட்டும் அதற்கு முந்தைய ஒரு ஜாக்கெட்டைப் பார்த்துத் தைத்ததுதான். முதன்முதலில் எந்த வயதில் அவளை அளந்தார்கள் என்று கேட்டால் அம்மாவுக்கு நினைவில்லை.

பாடி வாங்கியதும் இப்படித்தான். எங்கள் ஊர்ப்பக்கம் பிராவுக்குப் பெயர் பாடி. நான் தாவணி போட ஆரம்பித்த வருடம், வளையலும் ரிப்பனும் விற்கிற ஃபேன்சி ஸ்டோருக்கு அம்மா என்னைக் கூட்டிப் போனாள். கடையில் வேறு ஆள் யாரும் இல்லாத நேரம் வரும்வரை பொட்டு அட்டைகளைப் புரட்டிக்கொண்டு நின்றோம். பிறகு அம்மா குரலைத் தாழ்த்தி, "பிள்ளைக்குப் பாடி" என்றாள். கடைக்காரர் என்னைப் பார்க்காமல், அம்மாவையும் பார்க்காமல், மேல் அலமாரியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "ஜாக்கெட் அளவு எத்தனை?" அம்மா சொன்ன எண்ணுக்கு ஒரு அட்டைப்பெட்டி இறங்கியது. செய்தித்தாளில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டு, இரண்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. போட்டுப் பார்க்கவும் முடியாது, திருப்பிக் கொடுக்கவும் முடியாது.

அந்த ஒரு கேள்வியில் எத்தனை பெரிய தவறு இருந்தது என்று எனக்குத் தெரியவர இருபத்தேழு வருடம் ஆயிற்று.

அந்த இருபத்தேழு வருடமும் என் உடம்பில் எழுதியிருந்தது. இரண்டு தோளிலும் பட்டை அழுந்தி அழுந்தி, விரல் வைத்தால் பதிகிற அளவுக்குப் பள்ளம். மார்புக்குக் கீழே வியர்வை தேங்கிச் சிவந்து, சித்திரை வைகாசியில் படையாகி அரிக்கும். பின்பட்டை முதுகில் மேலே மேலே ஏறிக்கொண்டு போகும். பேருந்தில் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினால் முன்பக்கம் மொத்தமாக நழுவிவிடும். இறங்கியதும் ஏதாவது சுவரோரம் நின்று இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டும். இரவில் கழற்றும்போது வருமே ஒரு மூச்சு, அதை எனக்குத் தெரிந்த எல்லாப் பெண்களும் விட்டார்கள். அதனால் அது அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். துணியில் கோளாறு இருக்கலாம் என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை. என் உடம்புதான் வாகாக அமையவில்லை என்று முடிவுகட்டியிருந்தேன். கழுத்துவலிக்கு இரண்டு டாக்டர்களைப் பார்த்தேன். தலையணையை மாற்றச் சொன்னார்கள், தைலம் எழுதிக் கொடுத்தார்கள். நானும் பட்டையைப் பற்றிச் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

திருப்பூரில் என் சித்தி உள்ளாடை தைக்கிற கம்பெனியில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறாள். அவள் பேரனுக்குக் காதுகுத்து. விடியற்காலை, பெண்கள் எல்லாரும் ஒரே அறையில் புடவை கட்டிக்கொண்டிருந்தோம். நான் திரும்பி நின்று ஜாக்கெட்டை எடுக்கும்போது சித்தியின் குரல் வந்தது.

"நில்லு. என்ன சைஸ் போடுற நீ?"

"முப்பத்தெட்டு."

"யார் சொன்னா முப்பத்தெட்டுன்னு?"

பதில் சொல்லத் தெரியவில்லை. யாரும் சொல்லவில்லை. ஜாக்கெட் சொன்னது.

சித்தி தையல் மிஷின் டிராயரிலிருந்து டேப்பை எடுத்து வந்தாள். மார்புக்குச் சற்றுக் கீழே, விலா எலும்பைச் சுற்றி டேப்பை ஓட்டி, "மூச்சை விடு" என்றாள். விட்டேன். முப்பத்துமூன்று. பிறகு மார்பின் எடுப்பான இடத்தில், இறுக்காமல் ஒரு சுற்று. முப்பத்தெட்டு. அவள் விரல்கள் குளிர்ந்திருந்தன. நாற்பதை நெருங்கிய வயதில் ஒருத்தி என்னை முதல்முறையாக அளக்கிறாள் என்று அப்போதுதான் உறைத்தது. தொண்டையை அடைத்தது. சித்தி அதைக் கவனிக்காத மாதிரி கணக்குச் சொன்னாள்.

ஜாக்கெட்டின் 38 என்பது மார்பின் மேல் சுற்று. பாடியின் எண் அது இல்லை. பாடியில் எழுதியிருக்கும் எண், மார்புக்குக் கீழே ஓடுகிற பட்டையின் சுற்று. எனக்கு அது 33. பட்டைகள் இரட்டைப்படையில்தான் வரும், ஆகவே 34. மேல் சுற்றிலிருந்து இதைக் கழித்தால் வருகிற மிச்சத்துக்குத்தான் எழுத்து. ஒரு இஞ்ச் என்றால் ஏ, இரண்டு என்றால் பி, மூன்றுக்கு சி, நான்குக்கு டி. "உனக்கு 34டி" என்றாள்.

டி என்றதும் அறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நானே மிரண்டுதான் போனேன். டி என்றால் மிகப் பெரிய மார்பு என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம். சித்திக்குக் கோபமே வந்துவிட்டது. தனியாக ஒரு எழுத்துக்கு எந்த அர்த்தமும் கிடையாது, எண்ணோடு சேர்ந்தால்தான் அது அளவு என்றாள். 38பி, 36சி, 34டி மூன்றுக்கும் கப் ஏறத்தாழ ஒரே கொள்ளளவுதான். பட்டைதான் வேறு. கடையில் எழுத்தே போடாமல் விற்கிற சாதாரண ரகங்கள் பெரும்பாலும் பி கப். ஆக, என் மார்புக்குச் சரியான கிண்ணத்தை, எனக்கு வேண்டியதைவிட நான்கு இஞ்ச் பெரிய பட்டையில் வைத்து இத்தனை வருடம் மாட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். பட்டை உடம்பைப் பிடிக்காததால் முதுகில் ஏறியது. முதுகில் ஏறியதால் முன்னால் இறங்கியது. முன்னால் இறங்கியதைத் தூக்கத் தோள்பட்டையை இறுக்கினேன். தோளில் பள்ளம் விழுந்தது.

காதுகுத்து முடிந்து வந்த பிறகும் அவள் என்னை விடவில்லை. கம்பெனியில் கழித்துவிட்ட ஒரு பீஸைக் கொண்டுவந்து, பிளேடால் தையல்களைப் பிரித்துப் படுக்கையில் ஒவ்வொன்றாக அடுக்கினாள். கப்பின் மேல்துண்டு, கீழ்த்துண்டு, பக்கத்துண்டு. இரண்டு கப்பையும் சேர்க்கிற நடுத்துண்டு. இரண்டு பக்கத்துக்கும் விங். மேலே ஒரு எலாஸ்டிக், கீழே ஒரு எலாஸ்டிக். வாரு, வளையம், வாரைக் கூட்டிக் குறைக்கிற கட்டை. கொக்கிப் பட்டி. கொக்கி மாட்டுகிற கண்கள் மூன்று வரிசை. எண்ணிக்கொண்டே வந்தேன், இருபதைத் தாண்டியது. உள்ளங்கையில் அடங்குகிற ஒரு துணிக்கு இத்தனை துண்டா என்று இருந்தது. ஒவ்வொரு துண்டையும் வேறொரு பெண் தைத்திருப்பாள் என்று சித்தி சொன்னாள். அவள் பங்கு நடுத்துண்டு. நாளெல்லாம் நடுத்துண்டு மட்டும்தான்.

"வாரு எத்தனை ஒல்லியா இருக்கு பாரு. சுத்துப்பட்டை எத்தனை அகலம்னும் பாரு. எது தாங்கணும்னு இதைத் தைச்சவளுக்குத் தெரியும். போடுறவளுக்கு யாரும் சொல்லல."

பாரத்தின் பெரும்பங்கைப் பட்டைதான் ஏந்த வேண்டும். தோளில் ஓடுவது கப் நழுவாமல் நிற்க உதவுகிற ஒரு கயிறு, அவ்வளவுதான். புதிதாக வாங்கும்போது கடைசிக் கண்ணில், ஆகத் தளர்வான வரிசையில் கொக்கி மாட்டினாலே பட்டை உடம்போடு நிற்க வேண்டும். துவைக்கத் துவைக்க எலாஸ்டிக் தளரும்போது உள்வரிசைக்குப் போவதற்காகத்தான் மற்ற இரண்டு வரிசையும். நான் வாங்கிய நாளிலேயே ஆக இறுக்கமான கண்ணில் மாட்டிக்கொண்டிருந்தவள். போட்ட பிறகு குனிந்து, அக்குளோரம் ஒதுங்கிக் கிடக்கும் சதையைக் கையால் அள்ளி கப்புக்குள் சேர்க்க வேண்டும் என்பதையும் அன்றுதான் கற்றேன். நடுத்துண்டு நெஞ்செலும்பில் படிந்து நிற்க வேண்டும். பட்டைக்குள் இரண்டு விரல் போக வேண்டும், மூன்றாவது போகக் கூடாது. இரண்டு கையையும் தூக்கினால் எதுவும் அசையக் கூடாது. நான்கே நான்கு விஷயம். பூப்பெய்தியபோது உளுத்தங்களி கிண்டிக் கொடுத்து, நல்லெண்ணெய் ஊற்றி, பதினாறு நாள் தனியாக உட்காரவைத்துக் கவனித்த வீட்டில், இந்த நான்கையும் சொல்ல ஒருவர் இல்லை.

ஊர் திரும்பியதும் தேடிப் படித்தேன். கப்பின் எழுத்து வழக்கம் 1932-இல் அமெரிக்காவின் எஸ்.ஹெச். கேம்ப் நிறுவனத்திடமிருந்து தொடங்கியிருக்கிறது. அதாவது, எங்கள் ஃபேன்சி ஸ்டோர்க்காரர் ஜாக்கெட் அளவைக் கேட்டு அட்டைப்பெட்டியை இறக்கியபோது அந்த எழுத்துகளுக்கு அறுபது வயது தாண்டியிருந்தது. கடைக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் எதைக் கேட்டிருக்க முடியும்? கேட்டிருந்தால் அம்மா கடையை விட்டு இறங்கியிருப்பாள். சரியான அளவு வேண்டுமென்றால் ஒரு உடம்பை யாராவது பார்க்க வேண்டும், தொட வேண்டும், எண்ணை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இந்த மூன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்வதைத்தான் எங்கள் வீடுகளில் ஒழுக்கம் என்று சொல்லி வளர்த்தார்கள்.

தேடிப் படித்ததில் இன்னொன்றும் தெரிந்தது. மார்புக்குள் தன்னைத் தூக்கி நிறுத்திக்கொள்ளும் தசை இல்லை. தோலும், கூப்பர் தசைநார் என்று சொல்லப்படும் மெல்லிய இழைகளும்தான் பிடித்துவைத்திருக்கின்றன. ஓடும்போது மார்பு மேலும் கீழும் மட்டும் அசைவதில்லை, பக்கவாட்டிலும் முன்னும் பின்னும் சேர்ந்தே அசைகிறது. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு ஆய்வுக் குழு இருக்கிறது. 11 முதல் 18 வயது வரையுள்ள 2,089 பள்ளி மாணவிகளிடம் அவர்கள் கேட்டு 2016-இல் வெளியிட்ட ஆய்வில், 46 சதவீதத்தினர் பள்ளி விளையாட்டில் கலந்துகொள்வதை மார்பு ஏதோ ஒருவகையில் பாதிக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நான் எட்டாம் வகுப்பு வரை கோ-கோ ஆடினேன். நன்றாகவே ஆடினேன். ஒன்பதாம் வகுப்பில் வயிற்றுவலி என்று சொல்லி பி.டி. பீரியட் முழுக்க வேப்பமரத்தடியில் புத்தகப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மரத்தடியில் நான் மட்டுமா இருந்தேன்? ஏழெட்டுப் பேர் இருந்தோம். அத்தனை பேருக்கும் வயிற்றுவலி என்று டீச்சரும் நம்பினார்.

34டி தேடி அலைந்தது தனிக் கதை. பழைய கடைகளில் 34 இருக்கும், டி இருக்காது. டி இருக்கும் இடத்தில் அது 40-இல்தான் ஆரம்பிக்கும். கடைசியில் போட்டுப் பார்க்க அறை உள்ள ஒரு பெரிய கடையில், விற்பனைக்கு நின்ற பெண்ணிடம் என் அளவைச் சத்தமாகச் சொன்னேன். ஆறு எடுத்துப் போனேன், ஒன்று பொருந்தியது. நடுத்துண்டு எலும்பில் படிந்தது. கையைத் தூக்கினேன், அசையவில்லை. கண்ணாடியில் என் தோளைப் பார்த்தேன், தோள் சும்மா இருந்தது. கழுத்துவலி முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். தைலப் பாட்டில் இப்போது பீரோவில் பின்னால் போய்விட்டது.

காயப்போடுவதையும் மாற்றினேன். எங்கள் வீட்டுக் கொடியில் பாடி ஒருநாளும் நேராகத் தொங்கியதில்லை. மேலே ஒரு துண்டு, இல்லாவிட்டால் பாவாடை. அடியில் அது பாதி ஈரமாகவே இருக்கும். அந்த ஈரத்தோடுதான் எடுத்துப் போட்டுக்கொள்வோம். எனக்குப் படை போகாமல் இருந்ததற்கு அந்தத் துண்டுக்கும் பங்கு உண்டு. இப்போது மொட்டைமாடியில் காற்று வருகிற பக்கமாக, மேலே எதுவும் மூடாமல் போடுகிறேன்.

போன மாதம் அம்மா வந்திருந்தாள். எழுபது வயது. சர்க்கரை வந்த பிறகு வலது தோள் இறுகிப்போய்விட்டது, கை பின்னால் போகாது. குளித்துவிட்டு வந்தவள், கதவை ஒருக்களித்துவிட்டு, பாடியை முன்பக்கமாகக் கொக்கி மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தாள். தோளில் என்னுடையதைப் போலவே பள்ளம், இன்னும் ஆழமாக. டேப்பை எடுத்தேன்.

"இந்த வயசுல எனக்கு எதுக்குடி? இறுக்கிப் போட்டா கேன்சர் வருமாம்ல?"

"அது வெறும் வதந்திம்மா." 2014-இல் சியாட்டிலின் ஃப்ரெட் ஹட்சின்சன் புற்றுநோய் ஆய்வு மையம் ஆராய்ந்து பார்த்து, பிராவுக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை என்று அறிவித்ததைச் சொன்னேன். அதைக் கேட்டு அவள் சமாதானமானதாகத் தெரியவில்லை. ஆனால் கையை லேசாக அகற்றி நின்றாள். கீழ்ச் சுற்று முப்பத்தைந்து. மேல் சுற்று முப்பத்தொன்பது. அவள் போட்டிருந்தது நாற்பது. அவளுக்கு வேண்டியது 36சி, அதுவும் கொக்கி முன்னால் வைத்தது.

அந்த அளவில் முன்கொக்கி வைத்தது எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. சித்தியைக் கூப்பிட்டேன். மிச்சத் துணியில் தானே வீட்டில் தைத்துத் தருவதாகச் சொன்னாள். அம்மா உள்ளே போய்த் தன் பழைய பாடி ஒன்றைச் செய்தித்தாளில் மடித்துக் கொண்டுவந்தாள். "அளவுக்கு இதைக் கொடுத்தனுப்பு."

"வேண்டாம்மா" என்று சொல்லி, காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதினேன். கீழ்ச் சுற்று 35. மேல் சுற்று 39. வாரு அகலமாக. கொக்கி முன்னால். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தாள். பிறகு என் கையிலிருந்த பேனாவை வாங்கி, அதற்குக் கீழே தன் கையெழுத்தில் எழுதினாள்: வலது கை தூக்க வராது.