பாதை என்னும் படகு



ஈழத்துத் தமிழில் ‘பாதை’ என்னும் சொல்லுக்கு நம் வழக்கில் இல்லாத ஒரு பொருள் உண்டு. சாலை முடிந்து நீர் குறுக்கிடும் இடத்தில் மனிதரையும் வண்டியையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் தட்டையான மிதவைக்கு அங்கே பாதை என்றே பெயர். ‘பாதை அக்கரையில் நிற்கிறது’ என்று யாரேனும் சொன்னால், சாலை எப்படி நிற்கும் என்று நாம் விழிப்போம். அவர்களோ துறையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நிழலில் அமர்ந்துகொள்வார்கள். நிலமும் நீரும் மாறி மாறி வரும் ஊரில், இரண்டையும் ஒரே வழியின் துண்டுகளாகக் கருதும் மனப்பான்மை அந்தச் சொல்லில் பதிந்திருக்கிறது.

அப்படிப்பட்ட பாதைகளை நம்பி ஒரு நெடும்பயணத்துக்குத் திட்டமிட்டு வருகிறேன். மூலக்குளத்திலிருந்து நாகப்பட்டினம் வரை சைக்கிள், அங்கிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல், பிறகு யாழ்ப்பாணத்துத் தீவுகளைச் சுற்றி மீண்டும் சைக்கிள். உடன் வருவோர் இருவர்: கல்லூரியில் படிக்கும் என் மூத்த மகனும் அவனுடைய தாய்மாமாவும். உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இப்படி ஒரு யோசனையோடு உங்கள் முன் வந்து நிற்கக்கூடும். அப்போது உதவட்டும் என்றே, சேகரித்த விவரங்களை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கடலைப் பற்றி. நம் முன்னோர்க்கு இந்தக் கடல் ஒரு தடையாக இருந்ததில்லை. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் தனுஷ்கோடி வரை ரயிலும், அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பலும், மறுபடி கொழும்புக்கு ரயிலுமாக ஒரே பயணச்சீட்டில் போய்வந்தார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் நின்றுபோயிற்று. 2011இல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே தொடங்கிய சேவை சில மாதங்களே நீடித்தது. 2023 அக்டோபர் 14ஆம் நாள் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் புறப்பட்ட ‘செரியாபாணி’ கப்பலும் மழைக்காலம் வந்ததால் ஒரு வாரத்துக்குள் நின்றது. 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ என்னும் கப்பலோடு சேவை மீண்டும் தொடங்கியது. அதே ஆண்டு இறுதியில் பருவநிலையால் நிறுத்தப்பட்டு, 2025 பிப்ரவரியில் மறுபடி ஓடியது. தூரம் ஏறத்தாழ 110 கிலோமீட்டர்; பயண நேரம் நான்கு மணி அளவு.

இந்த வரலாற்றை விரிவாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. விட்டு விட்டு ஓடும் கப்பலை நம்பி நாள் குறிப்பவர், திரும்பும் நாளுக்குப் பின்னும் மூன்று நான்கு நாட்களைக் கையில் மீதமாக வைத்திருக்க வேண்டும். புறப்படும் வாரத்தில் கப்பல் ஓடுகிறதா, எந்தெந்த நாட்களில் ஓடுகிறது என்பதை நேரில் கேட்டுத் தெளிவது அவசியம். பாஸ்போர்ட்டும் இலங்கை நுழைவு அனுமதியும் இன்றிக் கப்பலேற முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்தது சைக்கிள். பயணியர் கப்பலில் பெட்டிக்கே எடைக்கட்டு உண்டு; சைக்கிளுக்கு இடம் தருவதும் மறுப்பதும் கப்பல் நிறுவனத்தாரின் கையில் இருக்கிறது. ஆகையால் திட்டம் இரண்டு. சீட்டு வாங்குவதற்கு முன்பே அனுமதி கிடைத்தால், சக்கரங்களையும் பெடலையும் கழற்றி, கைப்பிடியைத் திருப்பி, சாக்கில் பொதிந்து ஏற்றுவது. கிடைக்காவிட்டால் நாகூரில் உறவினர் வீட்டில் வண்டிகளை விட்டுவிட்டு, யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு எடுப்பது. இரண்டாவதில் இழப்பு ஏதும் இல்லை என்பது என் எண்ணம். மகன் இதை ஏற்கவில்லை. சொந்த வண்டியில் மிதித்தால்தான் பயணம் என்கிறான்.

யாழ்ப்பாணம் சைக்கிளை நன்கறிந்த ஊர். போர்க்காலத்தில் எரிபொருள் தடுக்கப்பட்டபோது, மருத்துவரும் ஆசிரியரும் வியாபாரியும் சைக்கிளில்தான் போனார்கள். மின்சாரம் இல்லாத வீடுகளில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். 2022இல் பொருளாதார நெருக்கடியால் பெட்ரோல் நிலையங்களில் வரிசை நீண்டபோது, மூலையில் கிடந்த பழைய வண்டிகள் மறுபடி தெருவுக்கு வந்தன. எனவே பஞ்சர் ஒட்டுவதற்கோ ஸ்போக் மாற்றுவதற்கோ ஆள் கிடைக்காமல் போகாது. கியர் வைத்த மெல்லிய டயர் வண்டியைவிட, கேரியர் உள்ள உயரமான பழைய வகை வண்டியே அங்கு ஏற்றது.

காலத்தைத் தேர்ந்ததில்தான் எங்களுக்குள் வாதம் அதிகம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கடல் இடம் தராது. மே மாதத்துக்குப் பின் யாழ்ப்பாணத்தார் ‘சோளகம்’ என்று அழைக்கும் தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கும். கடல் நடுவே மேட்டுச் சாலையில் எதிர்க்காற்றில் மிதிப்பது, மலையேறுவதைக் காட்டிலும் கடினம். ஜனவரி இறுதியிலிருந்து ஏப்ரல் வரைதான் ஏற்ற பருவம். ஆனால் இந்த ஆண்டுகளில் ரமளான் பிப்ரவரி, மார்ச் மாதங்களை ஒட்டி வருகிறது. பயணிக்கு நோன்பில் சலுகை உண்டென்பது உண்மையே. எனினும் விருப்பத்துக்காகப் போகும் பயணத்தை ரமளானில் வைத்துக்கொண்டு சலுகையைத் தேடுவது எனக்கு உவப்பாக இல்லை. மதரஸா விடுமுறை ஷவ்வால் தொடக்கத்திலும் சில நாட்கள் நீடிக்கிறது. பெருநாள் கழிந்த மூன்றாம் நாள் புறப்படுவது என்று முடிவு செய்திருக்கிறோம். வெயில் கடுமையாக இருக்கும். ஃபஜ்ரு தொழுததும் கிளம்பி, பத்து மணிக்குள் அன்றைய தூரத்தில் பெரும்பகுதியை முடித்து, லுஹரையும் உணவையும் ஒரே ஊரில் வைத்துக்கொண்டு, அஸருக்குப் பின் மீதியை மிதிக்க வேண்டும்.

நம் கரையில் சாலை நீங்கள் அறிந்ததே. அரியாங்குப்பம், தவளக்குப்பம், கன்னியக்கோயில் தாண்டிக் கடலூர். அங்கிருந்து பெருஞ்சாலையை விட்டு விலகிப் பரங்கிப்பேட்டையில் முதல் இரவு. மறுநாள் சிதம்பரம், கொள்ளிடம், சீர்காழி வழியாகத் தரங்கம்பாடி. 1620இல் டேனிஷ்காரர் கட்டிய கோட்டை அங்கே கடலைப் பார்த்தபடி நிற்கிறது. காரைக்காலை அடைந்ததும் புதுச்சேரிக்காரருக்கு ஒரு வேடிக்கை. நூறு கிலோமீட்டருக்கு மேல் அயல் மாநிலத்தில் மிதித்துவிட்டு, மறுபடி சொந்த ஆட்சிப் பகுதிக்குள் நுழைகிறோம். பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற வரைபடம் அப்படி. அங்கிருந்து நாகூரும் நாகப்பட்டினமும் ஒரு காலைப்பொழுதுக்குள் அடங்கும்.

காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாண நகரம் 20 கிலோமீட்டருக்கும் குறைவு. மேடு பள்ளம் இல்லாத செம்மண் பூமி. இருபுறமும் பனை, வேலி, தோட்டம். நகருக்குள் நாங்கள் முதலில் தேடிப் போவது சோனகத் தெருவை.

ஏன் என்பதைச் சொல்லியாக வேண்டும். 1990 அக்டோபர் 30ஆம் நாள் யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் ஊரைவிட்டு வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் ஆணையிட்டார்கள். நகையும் பணமும் பறிக்கப்பட்டன. அந்த அக்டோபரில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து விரட்டப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர் என்று கணக்கிடப்படுகிறது. பெரும்பாலோர் புத்தளத்தில் ஓலைக் குடிசைகளில் ஒதுங்கினர். தமிழ் பேசும் மக்களைத் தமிழ் பேசும் மக்களே விரட்டிய அந்த நாளைப் பற்றி இக்கரையில் நாம் அதிகம் பேசியதில்லை. 2009இல் போர் முடிந்தபின் சில குடும்பங்கள் திரும்பின. பலருடைய பிள்ளைகளுக்கு இன்று புத்தளமே ஊர்.

நாகூரில் ஒரு திருமண வீட்டில் அப்படிப்பட்ட பெரியவர் ஒருவரைச் சந்தித்தேன். எங்கள் திட்டத்தைக் கேட்டதும் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, ‘மௌலவி, எங்கள் வளவில் ஒரு கிணறு இருந்தது. போர் முடிந்த பின் ஒருமுறை போனேன். வீட்டுக்குக் கூரை இல்லை, உள்ளே போக முடியாதபடி பற்றை மண்டிக் கிடந்தது. கிணற்றை மூடிவிட்டார்களா, இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். இருந்தால் ஒரு வாளி அள்ளி, தண்ணீர் உவர்த்துவிட்டதா என்று பாருங்கள்’ என்றார். ஒழுங்கையின் வரைபடத்தைத் திருமண அழைப்பிதழின் பின்புறத்தில் அவரே வரைந்து தந்தார். யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல் இடுக்கில் தேங்கும் மழைநீரே குடிநீர். அதிகமாக இறைத்தால் கடல் உள்ளே வந்துவிடும். எனவே அவர் கேட்டது சிறிய கேள்வி அன்று. மற்ற எதைக் கைவிட்டாலும் அந்த ஒழுங்கையைக் கைவிடுவதில்லை என்பதில் நாங்கள் மூவரும் ஒரே கருத்தினர்.

இனித் தீவுகள். முதல் சுற்று ஒரே நாளில் முடியக்கூடியது. யாழ்ப்பாணத்திலிருந்து வடமேற்கே போய், பொன்னாலையில் கடலைப் பிளந்து செல்லும் மேட்டுச் சாலையால் காரைநகர். அதன் தென்முனையில்தான் பாதை நிற்கிறது. கட்டணம் வாங்காத அரசு மிதவை, அக்கரையில் ஊர்காவற்றுறை. சில நிமிடப் பயணந்தான். நடுவே நீருக்குள் எழுந்து நிற்கும் ஐரோப்பியர் காலத்துக் கடற்கோட்டையைப் பார்த்து முடிப்பதற்குள் கரை வந்துவிடும். அங்கிருந்து வேலணை வழியாகப் பண்ணைப் பாலத்தால் நகருக்குத் திரும்பலாம். மொத்தம் 50, 60 கிலோமீட்டர். ஜப்பானில் ஒனோமிச்சி என்னும் ஊரிலிருந்து இமாபரி வரை தீவுக்குத் தீவு பாலம் போட்டு, சைக்கிளுக்கெனத் தனி வழியும் அமைத்திருக்கிறார்கள். 70 கிலோமீட்டர் நீளம். அங்குங்கூட முதல் தீவுக்குச் சைக்கிள்காரர்கள் சிறு படகில்தான் போகிறார்கள். அந்த வசதிகளில் ஒன்றுகூட இல்லாமலே யாழ்ப்பாணத்தில் அதே சுற்று கிடைக்கிறது.

இரண்டாம் சுற்றுக்கு வேலணையிலிருந்து புங்குடுதீவு சென்று, அதன் மேற்கு நுனியான குறிகட்டுவான் துறையை அடைய வேண்டும். நயினாதீவுக்குப் படகில் கால் மணி நேரம். தீவு சிறியது, சைக்கிளைத் துறையிலேயே பூட்டிவிட்டு நடந்து பார்க்கலாம். நெடுந்தீவு அப்படியன்று. ஒரு மணி நேரக் கடல். சுமார் 50 சதுர கிலோமீட்டர் நிலம். பவளப்பாறைக் கற்களை அடுக்கிய மதில்கள், தானாய்த் திரியும் குதிரைகள், வணிகர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பெருக்கமரம். சைக்கிளுக்கென்றே அமைந்த தீவு எனலாம்.

என் மகனின் தாயார் மறுப்பது இந்த ஒன்றைத்தான். அவரிடம் காரணம் இருக்கிறது. இந்தத் துறையில் பல்லாண்டு ஓடிய ‘குமுதினி’ படகில் 1985 மே 15ஆம் நாள் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டதை நான்தான் வீட்டில் படித்துக் காட்டினேன். அது போர்க்காலத்துக் கொடுமை. இன்று அந்த அச்சம் இல்லை. ஆனால் காற்று எழுந்தால் சிறிய படகு ஆடும் என்பது இன்றும் உண்மை. எனவே வீட்டில் ஓர் உடன்பாடு செய்துகொண்டோம். காலை முதற்படகில் போவது, மாலையை எதிர்பாராமல் திரும்புவது, உயிர்காப்பு அங்கி இல்லாத படகில் ஏறுவதில்லை, ஆட்கள் நிறைந்திருந்தால் அடுத்த படகுக்குக் காத்திருப்பது. படகோட்டி வேண்டாம் என்று தலையசைத்தால் நெடுந்தீவு அந்த நாளோடு கைவிடப்படும்.

இந்த நிபந்தனைகளை மிகையென்று நினைக்க வேண்டாம். கிழக்கிலங்கையில் கிண்ணியா என்னும் முஸ்லிம் ஊரைத் திருகோணமலையிலிருந்து பிரித்த நீர்ப்பரப்பைப் பல தலைமுறைகளாகப் பாதையில்தான் கடந்தார்கள். 2009 அக்டோபரில் சவூதி அரேபியாவின் நிதியுதவியோடு பாலம் திறக்கப்பட்டது. ஆனால் அதே ஊரின் குறிஞ்சாக்கேணியில் பாலவேலை முடியாத நிலையில், மாற்றாக விடப்பட்ட இழுவைப் பாதை 2021 நவம்பர் 23ஆம் நாள் காலை கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் உட்பட ஆறு பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். நமக்கு ஒரு நாள் உல்லாசமாக இருப்பது அந்தத் தாய்மாருக்கு அன்றாட வழி.

நாட்கள் மிஞ்சினால் மூன்றாவது சுற்று. தீபகற்பத்தையும் பூநகரியையும் இணைக்கும் சங்குப்பிட்டியில் முன்பு பாதைதான் ஓடியது. 2011 ஜனவரியில் பாலம் வந்துவிட்டது. அதைக் கடந்து மன்னார் வரை, நிழலும் கடையும் அரிதான நெடுஞ்சாலை. ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் வேண்டும். மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டியிலிருந்து 1990இல் மக்கள் சாலையால் போகவில்லை. படகுகளில் ஏறிக் கற்பிட்டிக்குப் போனார்கள். அந்தக் கரையையும் பார்த்துவிட்டு, ரயிலில் யாழ்ப்பாணம் திரும்ப எண்ணம். கிண்ணியாவும் மட்டக்களப்பும் வேறொரு விடுமுறைக்கு.

மூட்டை சிறிதாக இருக்கட்டும். இரண்டு உடுப்பு, மெல்லிய தொழுகை விரிப்பு, பம்பு, இரண்டு ட்யூப், பஞ்சர்ச் சாமான், வெள்ளைத் துணித் தொப்பி, பேரீச்சம்பழம், அவல், உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலங்கள். பாஸ்போர்ட்டையும் இலங்கைப் பணத்தையும் மெழுகுத்துணிப் பையில் மார்போடு கட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் பையில் அந்தத் திருமண அழைப்பிதழும் இருக்கும். கிணற்றடியில் நீர் எடுக்க அங்கே வாளி இருக்குமோ இருக்காதோ என்று, என் மனைவி பத்து முழக் கயிற்றையும் ஒரு சிறிய பித்தளைச் செம்பையும் தனியே எடுத்து வைத்திருக்கிறார்.